பெங்களூருவில் முதுகை அளந்து ட்ரெக்கிங் பை பொருத்தித் தரும் கடை எது?

ஜெயநகர் வாசி:

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் இங்குள்ள ஒரு கடையில் 60 லிட்டர் ட்ரெக்கிங் பை வாங்கினேன். என் உயரம் 178 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. விற்பனையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கள் நல்ல உயரம், எல் அளவுதான் சரியாக இருக்கும்" என்று எடுத்துக் கொடுத்தார். வெறும் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் 12 கிலோ பொருள்களை நிரப்பிக்கொண்டு சாவனதுர்கா பாறையில் ஏறத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே இடுப்புப் பட்டை நழுவிப் பிட்டத்தின் மேல் இறங்கிவிட்டது. அதை மேலே இழுத்துக் கட்டினால், தோளில் மாட்டும் பட்டைக்கும் (தோள்பட்டை) என் தோளின் பின்புறத்துக்கும் இடையே உள்ளங்கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுகிறது. நெஞ்சுப் பட்டையோ மேலேறித் தொண்டைக்குழியை அழுத்துகிறது. இறங்கும்போது இடது கை விரல்கள் மரத்துப்போயின.

டிசம்பரில் குமார பர்வதமும் அடுத்த கோடையில் இமயமலையின் ஹம்ப்டா கணவாயும் செல்லும் எண்ணம் உண்டு. பெங்களூருவில் உடலை முறையாக அளந்து, பைக்குள் எடை வைத்துப் பார்த்து, பையைப் பொருத்தித் தரும் கடை ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள். விலை சற்றுக் கூடுதலானாலும் பரவாயில்லை.

கல்யாண் நகர் வாசி:

கடைகளில் அலைவதை விட இணையத்தில் வாங்குவதே மேல் என்பது என் கருத்து. தள்ளுபடிக் காலத்தில் அதே பை நல்ல விலைக்குக் கிடைக்கிறது. பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடலாம். எந்தப் பையாக இருந்தாலும் தோள் பழகும் வரை வலிக்கத்தான் செய்யும்.

அல்சூர்க்காரர்:

மேலே நண்பர் சொன்ன கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. தோள் அசதி வேறு, விரல் மரத்துப்போவது வேறு. கழுத்திலிருந்து அக்குள் வழியாகக் கைக்குச் செல்லும் நரம்புக் கற்றையைத் தோள்பட்டை நெடுநேரம் அழுத்தினால் இப்படி ஆகும். சுமை தூக்கும் படைவீரர்களிடம் மருத்துவர்கள் இதை வெகுகாலமாகவே கண்டிருக்கிறார்கள். பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது அல்ல இது. பையை இறக்கிய பிறகும் மரப்பு நீடித்தால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

ஜெயநகர் நண்பரே, கடையைத் தேடுவதற்கு முன் உங்கள் முதுகு நீளத்தை அளந்து எழுதுங்கள். தலையை முன்னே குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். அளவு அங்கிருந்து தொடங்குகிறது. பிறகு இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, கட்டைவிரல்கள் பின்பக்கம் பார்க்கும்படி நில்லுங்கள். இரு கட்டைவிரல்களையும் இணைக்கும் கற்பனைக் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம்தான் முடிவு. தையல்காரர் பயன்படுத்தும் துணி நாடாவால், முதுகின் வளைவை ஒட்டியே வேறொருவர் அளக்க வேண்டும். நாமே கையை வளைத்து அளந்தால் முதுகு கோணிக்கொண்டு அளவு தவறிவிடும்.

உயரத்தைப் பார்த்துப் பை கொடுப்பது நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் காணப்படும் வழக்கம். ஆனால் உயரமானவருக்குக் கால் நீண்டு முதுகு குட்டையாக இருக்கலாம்; நடுத்தர உயரமுள்ளவருக்கு முதுகு நீண்டிருக்கலாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாமே பையின் சட்டம் (உள்ளிருந்து பையைத் தாங்கும் சட்டகம்) முதுகை விட நீளம் என்பதையே காட்டுகின்றன. பை குட்டையாக இருந்தால் நேர்மாறாக, இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறியிருக்கும். தோள்பட்டை தோளைக் கீழ்நோக்கி அமுக்கும்.

ஜெயநகர் வாசி:

மிக்க நன்றி ஐயா. விரல் மரப்பு அன்று இரவே நீங்கிவிட்டது. என் மனைவி அளந்து பார்த்ததில் முதுகு 43 சென்டிமீட்டர்தான் வந்தது. நம்ப முடியாமல் மறுபடியும் அளந்தோம்; அதே அளவுதான். பையின் சீட்டில் 51 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட முதுகுக்கு என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதன் முதுகுத்தட்டு நிலையானது, நகர்த்த வழியில்லை. பில் இருந்தும், பயன்படுத்திய பையைத் திரும்ப வாங்க முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். சிவாஜிநகர்ப் பக்கம் பை தைப்பவர்களிடம் கொடுத்து, தோள்பட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கித் தைத்துக்கொள்ளலாமா?

கல்யாண் நகர் வாசி:

51க்கும் 43க்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் எண்ணவில்லை. அப்படியானால் பழகுவதற்கு வழியே இல்லை.

மர்ஃபி டவுன் தையல்:

பைகளும் தார்ப்பாய்களும் தைப்பதே என் தொழில் என்பதால் இதற்குப் பதில் சொல்கிறேன். தயவு செய்து தோள்பட்டையை இடம் மாற்றித் தைக்கச் சொல்லாதீர்கள். பட்டை பையோடு சேரும் இடத்தில் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் தையலைப் பாருங்கள். அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். உள்ளே சட்டத்தோடு பிணைக்கும் துண்டும் இருக்கிறது. அதைப் பிரித்து வேறோர் இடத்தில் சாதாரண இயந்திரத்தில் தைத்தால், 12 கிலோ தொங்கும்போது துணியே கிழிந்து வரும். அதுவும் மலைமேல்தான் கிழியும். பக்கிள் உடைந்தால் மாற்றுவது, நாடா நைந்தால் புதியது போடுவது, ஜிப் ரன்னர் மாற்றுவது ஆகிய வேலைகளை எங்களைப் போன்றவர்களிடம் தாராளமாகக் கொடுக்கலாம். பையை நல்ல நிலையில் வைத்திருந்தால், முதுகு நீண்ட யாருக்காவது பாதி விலைக்கு விற்றுவிடுவதே உத்தமம்.

அல்சூர்க்காரர்:

தையல்காரர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். 43 சென்டிமீட்டர் என்றால் பெரும்பாலான நிறுவனங்களின் அட்டவணையில் எஸ் அளவு. 178 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் எஸ் கேட்டால் கடைக்காரர் சிரிக்கக்கூடும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இனி கடைகளுக்கு வருகிறேன். பெங்களூருவில் இன்ன கடைக்குப் போனால் நிச்சயமாகப் பொருத்தித் தருவார்கள் என்று ஒரு பெயரைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அன்று அந்தப் பிரிவில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. டெகாத்லானின் சர்ஜாபூர் சாலைக் கடையும், விமான நிலையம் செல்லும் பெல்லாரி சாலையில் உள்ள கடையும் பெரியவை. அங்கே அவர்களின் மலையேற்ற வகையான ஃபோர்க்ளாஸ் பைகளைத் தாராளமாக எடுத்து மாட்டிப் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அவற்றில் சில வகைகளுக்கு முதுகு நீளத்தை மாற்றும் அமைப்பு உண்டு. உங்களுக்கு வேண்டியது அதுதான். வைல்ட்கிராஃப்ட் இந்த ஊர் நிறுவனமே என்பதால் அதன் கடைகள் நகரின் பல பகுதிகளில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் அன்றாடப் பைகள்தான் முன்னே அடுக்கியிருக்கும். சட்டம் உள்ள பெரிய பை கையிருப்பில் உண்டா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். டாய்ட்டர், ஆஸ்ப்ரே போன்ற வெளிநாட்டுப் பைகளைச் சில மலையேற்றக் கடைகள் தருவித்து விற்கின்றன. டாய்ட்டரின் ஏர்காண்டாக்ட் வரிசையில் தோள்பட்டையை முதுகுத்தட்டின் மேலும் கீழும் நகர்த்தலாம். விலைதான் கையைக் கடிக்கும்.

எந்தக் கடையானாலும் வார நாளில் முற்பகலில் போங்கள். சனிக்கிழமை மாலை என்றால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலிலேயே பாதிப் பொறுமை தீர்ந்துவிடும், மீதி பில் போடும் வரிசையில் தீரும். உள்ளே சென்றதும் "இந்தப் பைக்கு முதுகு அளவு என்ன?" என்று கேளுங்கள். எத்தனை லிட்டர் என்று மட்டும் பதில் வந்தால், அவரிடம் ஆலோசனை கேட்காமல் நீங்களே பொருத்திக்கொள்ளலாம். கடையில் எடை மூட்டை வைத்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உடற்பயிற்சிப் பிரிவிலிருந்து இரண்டு டம்பெல்களை எடுத்துத் தூக்கப் பையில் (ஸ்லீப்பிங் பேக்) சுற்றிப் பைக்குள் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சொல்லிவிட்டுச் செய்தால் மறுப்பதில்லை. 8 கிலோவாவது உள்ளே இருக்க வேண்டும். வெறும் பையை மாட்டிப் பார்ப்பதற்கும் பார்க்காமலே வாங்குவதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

மாட்டும் வரிசை முக்கியம். முதலில் எல்லா நாடாக்களையும் தளர்த்துங்கள். இடுப்புப் பட்டையின் மெத்தைப் பகுதி இடுப்பெலும்பின் விளிம்பை நடுவில் வைத்துத் தழுவும்படி நிறுத்தி, அதை முதலில் இறுக்குங்கள். முன்புறம் இரு மெத்தைகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பட்டை உங்களுக்குப் பெரிது என்று பொருள். இன்னும் இறுக்க இடமிருக்காது. அதன்பின் தோள்பட்டை. அது தோளின் மேல் வளைந்து பின்புறம் முதுகோடு ஒட்டி இறங்க வேண்டும், ஆனால் சுமையைத் தாங்கக்கூடாது. சுமையின் பெரும்பகுதி இடுப்பில்தான் நிற்க வேண்டும். தோளுக்கு மேலே பையின் உச்சியை நோக்கிப் போகும் சின்ன நாடாக்கள் ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். கடைசியாக நெஞ்சுப் பட்டை: கழுத்தெலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே, மூச்சு முட்டாத இறுக்கத்தில்.

பிறகு கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடங்கள். படிக்கட்டு இருந்தால் ஏறி இறங்குங்கள். அண்ணாந்து பாருங்கள், பின்தலை பையின் மூடியில் இடித்தால் மலையில் ஏறும்போது வழியைப் பார்க்க முடியாது.

ஹெப்பால் வாசி:

பெண்களுக்காக ஒரு சொல் சேர்க்கிறேன். என் கணவரின் பையை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தபோது தோள்பட்டை இரண்டு பக்கமும் நழுவிக்கொண்டே இருக்கும், நெஞ்சுப் பட்டையை எங்கே வைத்தாலும் உறுத்தும். பெண்களுக்கென்று வரும் வகையில் முதுகு குட்டை, தோள்பட்டைகள் நெருக்கம், இடுப்புப் பட்டை சாய்வாக விரிந்திருக்கும். டாய்ட்டரில் எஸ்எல் என்று குறித்திருப்பது இதைத்தான். தோள் குறுகலான ஆண்களும் அதை மாட்டிப் பார்ப்பதில் தவறில்லை. நிறத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம் அண்ணா.

இன்னொன்று, இமயமலைக்கு அழைத்துச் செல்லும் குழுக்கள் பல, பையை வாடகைக்கும் தருகின்றன. ஹம்ப்டாவுக்குப் பிறகு பெரிய மலைக்குப் போவீர்களா என்பது உறுதியில்லை என்றால், அதையும் யோசியுங்கள்.

அல்சூர்க்காரர்:

வாடகை நல்ல யோசனைதான். ஆனால் அங்கு கிடைக்கும் பையும் அவர் முதுகுக்கு ஏற்றபடி இருக்க வேண்டுமே. முதுகு நீளம் மாற்றக்கூடிய வகை இருக்கிறதா என்று கேட்டுத் தெளிந்தபின் பணம் கட்டுங்கள்.

குமார பர்வதத்துக்கு 60 லிட்டர் எதற்கு என்றும் கேட்க நினைத்தேன். அது 1,712 மீட்டர் மலை. உச்சியில் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. தண்ணீரும் உணவும் மழைச்சட்டையும் கொள்ள 30 லிட்டர் போதும். 60 லிட்டர் இருந்தால் இடம் இருக்கிறதே என்று எதையாவது திணித்துவிடுவோம். பொதுவாகச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் எடைக்கு அது 13, 14 கிலோ.

ஜெயநகர் வாசி:

அனைவருக்கும் நன்றி. நேற்று விடுப்பு எடுத்துக்கொண்டு சர்ஜாபூர் சாலைக்குப் போய்வந்தேன். முதுகு நீளம் மாற்றக்கூடிய 50 லிட்டர் பையில் டம்பெல் வைத்து மாட்டிப் பார்த்தேன். அந்தப் பிரிவில் இருந்த இளைஞர் தாமாகவே முன்வந்து முதுகுத்தட்டை மிகக் கீழ் நிலைக்கு இறக்கிக் கொடுத்தார். இடுப்பில் எடை உட்கார்ந்ததும் தோளுக்கு விடுதலை கிடைத்தாற்போல் இருந்தது. வாங்கிவிட்டேன். சீட்டைப் பிரிக்காமல் வீட்டில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு ஐயம்: பாட்டில்களை மேலே வைத்தால் பை பின்னால் இழுக்கிறது, அடியில் வைத்தால் இடுப்புப் பட்டை கீழே இறங்கப் பார்க்கிறது. எங்கே வைப்பது?

அல்சூர்க்காரர்:

நடுவில், முதுகை ஒட்டி. தூக்கப் பையை அடியில் போட்டு அதன்மேல் கனமானவற்றை முதுகுத்தட்டோடு ஒட்டி அடுக்குங்கள். தோள் எலும்புகளுக்கு இடைப்பட்ட உயரத்தைத் தாண்ட வேண்டாம். வெளிப்பக்கத்தையும் மேற்பகுதியையும் துணிமணியால் நிரப்புங்கள். மழைச்சட்டையை மட்டும் மூடிக்குள் வையுங்கள். தட்டு ஏற்கெனவே மிகக் கீழ் நிலையில் இருப்பதால், அதன்பிறகும் பட்டை இறங்கினால் இடுப்புப் பட்டையை இன்னும் இறுக்கிப் பாருங்கள். சீட்டைப் பிரிப்பது அதற்குப் பின் இருக்கட்டும்.