பிபிசி மைக்ரோவோடு வெளிநாடு: மியூனிக்கா, அமெரிக்காவா?

யூனிகார்ன்_திருச்சி:

வணக்கம். அடுத்த வருடம் எப்படியாவது ஒரு விண்டேஜ் கம்ப்யூட்டர் ஃபெஸ்டிவலுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன், யூட்யூபில் பார்த்து ஏங்கியது போதும். எதற்குப் போவது என்பதில்தான் குழப்பம். கலிபோர்னியா, நியூ ஜெர்சி, சிகாகோ பக்கம், மியூனிக், பெர்லின் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் முடியும்.

என்னிடம் ஒரு எஸ்சிஎல் யூனிகார்ன் இருக்கிறது. தெரியாதவர்களுக்காக: 1984இல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, இங்கிலாந்தின் ஏக்கார்ன் கம்பெனி செய்த பிபிசி மைக்ரோவைத்தான் எடுத்தார்கள். அதையே யூனிகார்ன் என்று பெயர் மாற்றிக் கொடுத்தது மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், சுருக்கமாக எஸ்சிஎல். சித்தப்பா வாத்தியாராக இருந்த பள்ளியில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது இதையும் எடுத்துப் பரணில் போட்டு வைத்திருந்தார். இப்போது என்னிடம் வந்திருக்கிறது. இன்னும் பவர் போட்டுப் பார்க்கவில்லை.

இதைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே ஒரு மேசையில் வைத்துக் காட்டலாமா? ஏர்போர்ட்டில் என்ன சொல்வார்கள்? ஜெர்மன் ஒரு வார்த்தைகூடத் தெரியாது, சமாளிக்க முடியுமா? வரும்போது ஒரு கொமடோர் 64 (அதுவும் எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டர்தான்) வாங்கி வரும் ஆசையும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஆறு_ஐந்து_பூஜ்யம்_இரண்டு:

அமெரிக்க விசா ஏற்கெனவே கையில் இருக்கிறதா? இருந்தால் பதில் வேறு. இல்லையென்றால் மியூனிக், யோசிக்கவே வேண்டாம்.

அமெரிக்கா மட்டம் என்று சொல்லவில்லை. 1997இல் இந்தத் திருவிழா பிறந்ததே கலிபோர்னியாவில்தான். இப்போது மேற்குக் கரை விழா மவுண்டன் வியூவில் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்திலேயே நடக்கிறது, வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில். ஐபிஎம் 1401ஐயும் பிடிபி-1ஐயும் ஓட்டிக் காட்டும் மியூசியம் அது. நியூ ஜெர்சி விழா வால் என்ற ஊரில், கேம்ப் எவான்ஸ் என்ற பழைய ராணுவ ஆராய்ச்சி வளாகத்தில் நடக்கும். 1946இல் நிலாவுக்கு ரேடார் சமிக்ஞை அனுப்பித் திரும்ப வாங்கிய இடம். சிகாகோ பக்கத்து விழாவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது, வேண்டாத சாமானை ஒரு மூலையில் குவித்து வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கேட்கவே நாக்கில் எச்சில் ஊறும், ஆனால் அந்தக் குவியலில் கிடைப்பதைச் சென்னைக்கு எப்படிக் கொண்டுவருவீர்கள்?

அடுத்தது கரண்ட். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே வாங்கும் கொமடோர் 64 என்டிஎஸ்சி, அதாவது அமெரிக்க டிவி முறை மாடலாக இருக்கும், அதன் பவர் பிரிக்கை நம் வீட்டு பிளக்கில் நேரே செருகினால் அன்றோடு கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினாலும் ஐரோப்பியப் பசங்க எழுதிய கேம், டெமோ எல்லாம் 50 ஹெர்ட்ஸ் பிஏஎல் (ஐரோப்பிய டிவி முறை) மெஷினை நம்பி எழுதியவை, அதில் பாதி தடுமாறும். ஜெர்மனியில் வாங்கினால் 230 வோல்ட், பிஏஎல். நம் ஊருக்கு அப்படியே ஒத்துப்போகும்.

மியூனிக் விழா 2000இலிருந்து நடக்கிறது, வழக்கமாக மே 1ஐ ஒட்டிய நாட்களில். அமெரிக்க விழாக்கள் மாதிரி பெரிய சந்தை இல்லை. ஆட்கள் தங்கள் மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் நின்று பார்த்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். உரைகள் பல ஜெர்மனில்தான் இருக்கும், அதற்காகக் கவலைப்படாதீர்கள், மேசைக்கு மேசை ஆங்கிலத்தில் பேசலாம். 6502 (பிபிசி மைக்ரோவின் பிராசசர்) அசெம்பிளி தெரிந்தவனுக்கும் தெரிந்தவனுக்கும் நடுவில் மொழி ஒரு பிரச்சினையே இல்லை.

பெர்லின் விழா இலையுதிர்காலத்தில். அங்கே போனால் டெக்னிக் மியூசியத்தில் இருக்கும் இசட்1 என்ற ஆரம்பகாலக் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் வராதீர்கள். முதல் இசட்1 போரில் குண்டு வீச்சில் அழிந்துபோக, அதைச் செய்த கொன்ராட் சூஸே வயதான காலத்தில் தானே உட்கார்ந்து மறுபடி கட்டி 1989இல் முடித்தது அது. தகடு தகடாக அடுக்கிய இயந்திரம், எலக்ட்ரானிக்ஸ் என்று ஒன்றுமே கிடையாது.

---

ஈயப்புகை:

விசா, டிக்கெட் எல்லாம் அப்புறம். பவர் போட்டுப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, நல்ல காரியம். போடவே போடாதீர்கள்.

பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளைக்குள் ரிஃபா என்று எழுதிய கபாசிட்டர்கள் இருக்கும். தேன் நிறத்தில், கொஞ்சம் கண்ணாடி மாதிரி. உற்றுப் பார்த்தால் மேலெல்லாம் முடி முடியாக வெடிப்பு ஓடியிருக்கும். உள்ளே காகிதம், வெடிப்பு வழியாக இத்தனை வருடம் ஈரம் குடித்திருக்கும், அதுவும் திருச்சிப் பரணில். சுவிட்ச் போட்டதும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், அந்த இரட்டை பீப் கூட வரும், நீங்கள் சந்தோஷத்தில் இரண்டு வரி பேசிக் அடித்துக்கொண்டிருக்கும்போது டப் என்று வெடித்து அறை முழுக்கப் புகை. அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. இதில் வேடிக்கை, மெஷின் அப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அவை மெயின்ஸ் இரைச்சலை வடிகட்ட மட்டும்தான். வீட்டில் நடந்தால் சிரித்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் ஒரு ஹாலில் நடந்தால் ஸ்மோக் அலாரம் அடித்து மொத்தக் கூட்டமும் வெளியே நிற்கும்.

மேல் மூடியைக் கழற்ற, ஃபிக்ஸ் என்று எழுதியிருக்கும் ஸ்க்ரூக்களைத் தேடுங்கள், பின்னால் இரண்டு, அடியில் இரண்டு. பவர் சப்ளை தனிப் பெட்டியாக இடது பக்கம் உட்கார்ந்திருக்கும். அதைத் திறக்கும் முன்னால் வயரைப் பிடுங்கிவிட்டு நிறைய நேரம் விடுங்கள், பெரிய கபாசிட்டர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். கைப்பழக்கம் இல்லையென்றால் தெரிந்த ஆளிடம் கொடுத்துவிடுங்கள், இதில் வீரம் வேண்டாம். மாற்றுவதற்கு வேண்டியது 0.1, 0.01 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை (மெயின்ஸில் நேரே போடத் தகுந்த பாதுகாப்பு வகை). சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசு. எக்ஸ்2 என்று கேட்டு வாங்குங்கள், சாதா ஃபிலிம் கபாசிட்டரைப் போட்டுவிடாதீர்கள்.

மாற்றிய பிறகு பவர் போடும்போது ஒற்றை பீப் விடாமல் கூவிக்கொண்டே இருந்தால் பிராசசர் வேலையைத் தொடங்கவே இல்லை என்று அர்த்தம். சாக்கெட்டில் இருக்கும் சிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்தி உட்கார வைத்துப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே உயிர் வந்துவிடும்.

---

தாம்பரம்_டெர்மினல்:

எல்லாரும் உசுப்பேற்றுகிறீர்கள், நான் வேறு மாதிரி சொல்கிறேன். மெஷினை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

முதல் தடவை போகிறவர் மேசை போட்டு உட்கார்ந்தால் மற்ற மேசைகளை எப்போது பார்ப்பார்? கழிப்பறைக்குப் போகக்கூடப் பக்கத்து மேசைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அதோடு பிபிசி மைக்ரோ மேல்தான் ஆசை என்றால் இங்கிலாந்து போங்கள். பிளெட்ச்லி பார்க்கில் நேஷனல் மியூசியம் ஆஃப் கம்ப்யூட்டிங் இருக்கிறது, லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போர்க்காலக் கம்ப்யூட்டரான கொலோசஸை மறுபடி கட்டியிருக்கிறார்கள், அது ஓடுகிறது. 1951இல் ஓடத் தொடங்கிய ஹார்வெல் டெக்கட்ரான் இன்றும் ஆரஞ்சு விளக்குகள் சுற்றச் சுற்றக் கணக்குப் போடுகிறது. ஒரு வகுப்பறை முழுக்க பிபிசி மைக்ரோ வைத்திருக்கிறார்கள், உட்கார்ந்து தட்டலாம். ஒன்று கவனியுங்கள், பிளெட்ச்லி பார்க் டிக்கெட் வேறு, இந்த மியூசியம் டிக்கெட் வேறு.

அங்கே போகிறவர் கையில் பிபிசி மைக்ரோவைத் தூக்கிக்கொண்டு போனால் அது திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோன கதைதான்.

---

ஆறு_ஐந்து_பூஜ்யம்_இரண்டு:

தாம்பரம், இங்கிலாந்து விசா தனி, ஜெர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் வராது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. மேசை விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. அல்வா விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிபிசி மைக்ரோவை அங்கே எல்லாரும் பார்த்திருப்பார்கள், மொஹாலிப் பெயர்ப்பலகை போட்ட பிபிசி மைக்ரோவை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? 1989இல் அந்தத் தொழிற்சாலையில் பெரிய தீ விபத்து. இந்தியாவின் சிப் கனவே வருடக்கணக்கில் பின்னால் போனது. அந்த இடத்தின் பெயர் பொறித்த பெட்டி என்பதுதான் இதன் மதிப்பு.

அதனால் திருச்சி நண்பரே, பெட்டியைவிட அதைச் சுற்றி இருப்பதைச் சேருங்கள். சித்தப்பா இருக்கிறார் இல்லையா? அவரை உட்கார வைத்துப் பேசிப் பதிவு செய்யுங்கள். எந்த அறையில் வைத்திருந்தார்கள், செருப்பைக் கழற்றச் சொன்னார்களா, ஒரு மெஷினுக்கு எத்தனை பிள்ளைகள், கரண்ட் போனால் என்ன செய்தார்கள், பயிற்சிக்கு வாத்தியார்களை எங்கே அனுப்பினார்கள். ஏலச் சீட்டு இருந்தால் அதையும் எடுங்கள். பள்ளியில் பழைய ஸ்டாக் ரிஜிஸ்டர் கிடைத்தால் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 6502, 2 மெகாஹெர்ட்ஸ், 32 கேபி என்பதெல்லாம் அங்கே இருக்கும் பத்து வயதுப் பையனுக்கே தெரியும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் அதற்கு என்ன நடந்தது என்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அதை அரை மணி நேர உரையாகக் கொடுக்கிறேன் என்று அமைப்பாளர்களுக்கு இப்போதே எழுதுங்கள்.

---

யூனிகார்ன்_திருச்சி:

இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. பவர் போட மாட்டேன், சத்தியம். சித்தப்பாவுக்குப் போன் செய்தேன், செருப்பு என்றதுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார், அரை மணி நேரம் நிறுத்தவில்லை. அடுத்த வாரம் நேரில் போகிறேன்.

மியூனிக் என்று முடிவு. மெஷினையும் கொண்டுபோகத்தான் ஆசை. கூடவே மானிட்டரும் ஃப்ளாப்பி டிரைவும் தூக்க வேண்டுமா? கஸ்டம்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

ஈயப்புகை:

இரண்டுமே வேண்டாம். ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐ என்று ஒரு குட்டி போர்டு, ராஸ்பெர்ரி பை ஜீரோ மேல் உட்காரும், முதலில் பிபிசி மைக்ரோவுக்காகவே செய்தது. அதை வைத்தால் ஹாலில் எந்த மானிட்டரும் போதும், ஒன்று கொடுங்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஃப்ளாப்பிக்குப் பதில் யூசர் போர்ட்டில் எஸ்டி கார்டு, அதைப் படிக்க எம்எம்எஃப்எஸ் என்ற ரோம் (ROM). இரண்டும் சட்டைப் பையில் அடங்கும்.

---

மீனம்பாக்கம்_மாமா:

தம்பி, மெஷின் எடை நாலு கிலோவுக்கும் குறைவு, அகலம் ஏறக்குறைய 41 சென்டிமீட்டர். கையில் எடுத்துப் போவதுதான் நல்லது, செக் இன் பெட்டியில் போட்டால் கீபோர்டு நொறுங்கும். உங்கள் ஏர்லைன் கேபின் பை அளவையும் எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள், பையும் சேர்த்து ஏழு கிலோ என்பார்கள் பலர். செக்யூரிட்டியில் தனியாக எடுத்து ட்ரேயில் வையுங்கள், இது என்ன என்று கேட்டால் விளக்க, மெஷின் டிவியில் ஓடும் படம் ஒன்று பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சைவிடக் காகிதத்துக்கு மரியாதை அதிகம்.

கிளம்பும்போது சென்னை ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ் கவுண்டரில் எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்குங்கள். சீரியல் நம்பர், படம், மெஷின் மூன்றையும் காட்ட வேண்டும், கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள். அது இருந்தால் திரும்பி வரும்போது இது நான் கொண்டுபோனதுதான் என்று காட்டலாம், வரிப் பேச்சு வராது. ஏடிஏ கார்னெட் என்று யாராவது சொல்வார்கள், சாமானைத் தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான கஸ்டம்ஸ் ஆவணம், இந்தியாவில் ஃபிக்கி என்ற வர்த்தக அமைப்பு கொடுப்பது. வியாபாரக் கண்காட்சிக்காரர்களுக்கு அது சரி, ஒரு பழைய மெஷினுக்கு டெபாசிட் கட்டி அலைவது வீண்.

வாங்கி வருவது பற்றி: ஒரு கொமடோர் 64, கொஞ்சம் கேபிள், புத்தகம் என்றால் பேகேஜ் வரம்புக்குள் பார்த்துக்கொள்ளலாம், விலைச்சீட்டு கையில் இருக்கட்டும். சீட்டு கிடைக்காத இடத்தில் விற்றவரிடமே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நாலைந்து மெஷின் என்று போனால் பழைய கம்ப்யூட்டர் இறக்குமதி என்று பார்ப்பார்கள், அதற்கு அனுமதி விவகாரம் தனி. அந்த கொமடோர் 64 பவர் பிரிக்கையும் நம்பாதீர்கள், கெட்டுப்போனால் 5 வோல்ட்டுக்கு மேலே ஏற்றி மெமரி சிப்பைத் தின்றுவிடும். புது சப்ளை வாங்குங்கள்.

விசா: ஷெங்கன் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு இன்சூரன்ஸ். ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், ஏப்ரல் வரை இழுக்காதீர்கள். உரைக்கு இடம் கிடைத்தால் அமைப்பாளர்களிடம் கடிதம் கேட்டு வாங்கி இணையுங்கள், எதற்குப் போகிறீர்கள் என்பதற்கு அதைவிடச் சுத்தமான பதில் கிடையாது. அதே விசாவில் நெதர்லாந்து ஹெல்மாண்டில் இருக்கும் ஹோம் கம்ப்யூட்டர் மியூசியத்தையும் பார்த்துவிட்டு வரலாம், அங்கே மெஷின்களைத் தொட்டே பார்க்கலாம்.

ஒன்று விட்டுவிட்டேன். மே 1 அங்கே பொது விடுமுறை, ஞாயிறும் சேர்ந்து வந்தால் சூப்பர் மார்க்கெட் எல்லாம் அடைத்துக் கிடக்கும். முதல் நாளே ரொட்டி, தயிர், பழம் வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே ஏடிஎம்மில் கொஞ்சம் சில்லறை யூரோவும் எடுத்துவிடுங்கள், பழைய சாமான் விற்கிறவர்கள் கார்டு வாங்குவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

---

ஈயப்புகை:

மாமா சொன்ன சீரியல் நம்பர் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும், அழிந்திருந்தால் சொல்லுங்கள், போர்டிலேயே வேறு நம்பர் இருக்கும், அதைக் காட்டலாம். பவர் சப்ளையைத் திறந்ததும் உள்பக்கப் படம் ஒன்று இங்கே போடுங்கள், எதை மாற்ற வேண்டும் என்று வட்டம் போட்டுத் தருகிறேன்.