10×12 அறைக்குச் சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்: அலமாரியில் வைத்தால் ஒரே 'கும்', என்ன வாங்கலாம்?

மாடிவீடு_கும்பகோணம்:
வணக்கம். எங்கள் மாடி அறை 10 அடிக்கு 12 அடி. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, ஒரு கட்டில், அவ்வளவுதான். அப்பாவின் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைச் சர்வீஸ் செய்து வைத்திருக்கிறேன். பின்பக்கம் 30 வாட், 8 ஓம் என்று போட்டிருக்கிறது. அதற்கு ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர் வேண்டும், 25 ஆயிரம் வரை போகலாம். கேட்பது பெரும்பாலும் வாய்ப்பாட்டுக் கச்சேரி, அப்புறம் எண்பதுகளின் சினிமாப் பாட்டு.

சித்தப்பாவிடமிருந்து ஒரு ஜோடி 5 இன்ச் (பெரிய கோனின் அளவு) ஸ்பீக்கரை இரவல் வாங்கிச் சுவர் அலமாரியில் வைத்துப் பார்த்தேன். மிருதங்கத்தில் தொப்பியில் (தாழ்ந்த ஒலி தரும் இடது பக்கம்) அடி விழும்போதெல்லாம் 'கும்' என்று இழுக்கிறது. பாடுகிறவர் மந்திர ஸ்தாயிக்கு (கீழ் ஸ்வரங்களுக்கு) இறங்கினால் சாகித்யமே, அதாவது பாட்டின் வரிகளே, புரியவில்லை. அவர் வீட்டு ஹாலில் இதே ஸ்பீக்கர் நன்றாகத்தான் பாடியது. இதைவிடச் சின்னதாக 4 இன்ச் வாங்குவதா? இல்லை ஆம்ப்ளிஃபயரில் கோளாறா?

சுருதிப்பெட்டி:
ஆம்ப்ளிஃபயர் மேல் சந்தேகம் வேண்டாம், அலமாரி மேல்தான் எனக்குச் சந்தேகம். ஸ்பீக்கரின் பின்பக்கம் ஒரு ஓட்டை இருக்கிறதா பாருங்கள். அதுதான் போர்ட், தாழ்ந்த ஒலியைக் கூட்டிக் கொடுப்பதற்காக வைப்பது. தாழ்ந்த ஒலி முன்னால் மட்டும் போவதில்லை, எல்லாப் பக்கமும் பரவும். சுவர் பக்கத்தில் இருந்தால் அது திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். மூன்று பக்கமும் சிமென்ட் அடைத்த பொந்துக்குள் வைத்தால் கேட்கவே வேண்டாம், குடத்துக்குள் வாயை வைத்துப் பாடுகிற மாதிரி ஆகிவிடும்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. இரண்டு ஸ்டூல் எடுத்து, சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் போடுங்கள். மேலே இருக்கும் சின்ன ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அதே தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். அதே பாட்டை அதே சத்தத்தில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மாடிவீடு_கும்பகோணம்:
பின்பக்கம் ஓட்டை இருக்கிறது சார். ஸ்டூலில் வைத்ததும் குரல் அப்படியே வெளியே வந்துவிட்டது! தொப்பிக்கும் வலந்தலைக்கும் (வலது பக்கம்) வித்தியாசம் தெரிகிறது. ஆனால் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தால், சினிமாப் பாட்டில் சில பேஸ் கிட்டார் நோட்டு மட்டும் இன்னும் வீங்கிக் கேட்கிறது.

சுருதிப்பெட்டி:
அது அறையின் வேலை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில அலைவரிசைகள் தேங்கி நிற்கும். 12 அடி நீளத்துக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு 56. பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குவதால் இந்த நோட்டுகள் அதில் வந்தே தீரும். இந்த வீக்கம் சுவரை ஒட்டிய இடத்தில்தான் அதிகம். முதுகுக்குத் தலையணை வைத்து இரண்டடி முன்னால் வந்து உட்காருங்கள், குறையும். தரையில் ஒரு ஜமக்காளம் விரித்தால் டைல்ஸில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அடங்கும். ஆனால் பேஸுக்கு ஜமக்காளம் ஒன்றும் செய்யாது.

ரிச்சி_தெரு_நண்பன்:
ஏன் இவ்வளவு சுற்று? உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கிவிடலாமே. எடிஃபயர் ஆர்1280டிபி மாதிரி ஒன்று போதும்: 4 இன்ச், ப்ளூடூத் உண்டு, போர்ட்டும் முன்பக்கம். பட்ஜெட்டில் மிச்சமும் ஆகும்.

பழைய_ரேடியோ:
புதிதாகத் தொடங்குபவருக்கு அது நல்ல யோசனைதான் தம்பி. ஆனால் இவரிடம் ஓடுகிற ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, அதுவும் அப்பாவுடையது. அந்தப் பணத்தை முழுக்க ஸ்பீக்கரில் போடுவதுதான் சரி.

30 வாட் போதுமா என்று கவலை வேண்டாம். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள். 88 டெசிபல் என்றால், ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் அவ்வளவு சத்தம். 10×12 அறையில் அதுவே தாராளம். 82 என்று போட்டிருந்தால் அதே சத்தத்துக்கு நாலு மடங்கு வாட் கேட்கும். 4 ஓம் ஸ்பீக்கர் பக்கம் போகாதீர்கள், பழைய ஆம்ப்ளிஃபயர் சூடாகும்.

அளவு விஷயத்தில் குரல் கேட்கிறவர் பயப்படவே வேண்டாம். 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்க எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரை உருவாக்கியது. சுமார் 5 லிட்டர் பெட்டி, போர்ட்டே கிடையாது. மனிதக் குரலை அது காட்டிய விதத்துக்காக இன்றும் தேடி வாங்குகிறார்கள். கணக்குப் போட்டாலும் சரியாக வரும்: ஒரு கட்டை ஸ்ருதியில் பாடுகிறவரின் ஆதார ஷட்ஜம் (அடிப்படை 'ஸ') 131 ஹெர்ட்ஸ், அதற்கும் கீழே மந்திர பஞ்சமம் (கீழ் 'ப') 98. நல்ல 5 இன்ச் ஸ்பீக்கர் 65 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதனால் 5 இன்ச்சிலேயே நில்லுங்கள். 6.5 இன்ச் இந்த அறைக்கு அதிகம்.

வார்ஃப்டேல் டைமண்ட் 12.1, கியூ அகூஸ்டிக்ஸ் 3020ஐ இரண்டையும் கேட்டுப் பாருங்கள். விலை கடைக்குக் கடை மாறும். இரண்டிலுமே போர்ட் பின்பக்கம். பெயர்தான் புக்‌ஷெல்ஃப், 3020ஐ மட்டுமே சுமார் 28 சென்டிமீட்டர் ஆழம். ஒயரையும் செருகினால் நம் ஓரடி அலமாரியில் மூச்சு விட இடமிருக்காது.

மாடிவீடு_கும்பகோணம்:
ரொம்ப நன்றி ஐயா. அப்படியென்றால் முதலில் தச்சரிடம் இரண்டு ஸ்டாண்டு சொல்லிவிடுகிறேன். கடையில் கேட்கும்போது எதைக் கவனிப்பது? ஒயர் எது?

பழைய_ரேடியோ:
உங்களுக்கு மனப்பாடமான இரண்டு பாட்டைக் கொண்டு போங்கள், கடைக்காரர் போடுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு மாடலையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் காதுக்கு எப்போதும் நன்றாகத் தோன்றும். தம்புரா தனியாக, தொடர்ந்து கேட்கிறதா, 'ஸ', 'ச' எழுத்துகள் காதைக் குத்துகின்றனவா என்று பாருங்கள். அரை மணி நேரம் கேட்டும் காது அலுக்கவில்லை என்றால் வாங்கலாம்.

ஒயருக்கு எலக்ட்ரிகல் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும், இரண்டு பக்கமும் ஒரே நீளம். சிவப்பை சிவப்பில், கறுப்பைக் கறுப்பில் மாட்டுங்கள். ஒன்று மாறினால் பேஸ் காணாமல் போய், பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறிவிடுவார். சந்தேகம் வந்தால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றி, அந்த முனைகளில் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ் பக்கம் சிவப்புக்கான ஒயரில் பட்டால் பெரிய கோன் முன்னால் வர வேண்டும், இரண்டு ஸ்பீக்கரிலும்.