சிங்கப்பூரில ஒரு முழுப்பகல் தனிய நிக்கவேணும். சூட்கேசுக்கு என்ன செய்யிறது, வெளிய போகலாமோ?

கொக்குவில் ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். வாற மாசம் மெல்பேணில இருக்கிற மகளிட்டப் போறன், அவவுக்குப் பிள்ளைப்பேறு. கட்டுநாயக்கா ஏயாப்போட்டில இரவு ஏறினால் விடிய 7.30க்குச் சிங்கப்பூர். மெல்பேண் பிளைட் இரவு 8.45க்குத்தான். சிதம்பரம், மதுரை எண்டு ஆக்களோட சேர்ந்து யாத்திரை போனதைத் தவிர வெளிநாட்டுப் பழக்கம் இல்லை.

ரிக்கெற் போட்டுத் தந்த இடத்தில கேட்டால், "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அன்ரி, உள்ளுக்கயே இருங்கோ" எண்டு சொல்லுகினம். மகள் எண்டால், சூட்கேசை எடுக்கவேண்டி வரும்போல கிடக்கு, வடிவாக் கேளுங்கோ எண்டுறா. ஆற்றை சொல்லைக் கேக்கிறது? வெளிய போறதெண்டால் விசா வேணுமோ? முழங்கால் நோ இருக்கு, கனதூரம் நடக்க ஏலாது. சாப்பாடு சைவம். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

நல்லூர்த் தம்பி:
ரீச்சர், இடம் பாக்கிற கதையைப் பிறகு பாப்பம். முதல்ல ரிக்கெற்றை எடுங்கோ. அதில எழுத்தும் இலக்கமும் கலந்து, மொத்தம் ஆறு குறியுள்ள ஒரு பதிவு எண் இருக்கும். ரெண்டு பிளைட்டுக்கும் அது ஒண்டுதானோ, வேற வேறயோ? நீங்கள் கேட்ட எல்லாத்துக்கும் மறுமொழி அதிலதான் தங்கியிருக்கு.

கொக்குவில் ரீச்சர்:
ரெண்டு தாள் தந்தவை தம்பி. எண் வேற வேற. விமானக் கொம்பனியும் வேற வேற.

நல்லூர்த் தம்பி:
அப்ப மகள் சொன்னதுதான் சரி. ஒரே பதிவெண்டால் கட்டுநாயக்காவில குடுக்கிற சூட்கேசை மெல்பேணில எடுக்கலாம். ரெண்டு பதிவு, ரெண்டு கொம்பனி எண்டால் அது பெரும்பாலும் சிங்கப்பூரோட நிண்டிடும். நீங்கள் குடிவரவு தாண்டி வெளிய வந்து, பெல்ட்டில சூட்கேசை எடுத்து, பின்னேரம் மற்றக் கொம்பனியின்ர கவுண்டரில திரும்பக் குடுக்கவேணும். உள்ளுக்கயே இருந்தால் நீங்கள் மெல்பேணுக்குப் போவியள், சூட்கேஸ் சிங்கப்பூரில கிடக்கும்.

கட்டுநாயக்காக் கவுண்டரில ரெண்டு தாளையும் காட்டி ஒருக்காக் கேளுங்கோ. பிறகு சூட்கேஸ் பிடியில ஒட்டுற நீட்டுத் துண்டைக் கண்ணால பாருங்கோ. அதில பெரிசா மூண்டு எழுத்து இருக்கும். "எஸ் ஐ என்" எண்டால் சிங்கப்பூர், "எம் ஈ எல்" எண்டால் மெல்பேண். கவுண்டர்ப் பிள்ளை வாயால சொல்லுறதைவிட அந்தத் துண்டில இருக்கிறதுதான் முடிவு.

சிராங்கூன் வாசி:
அக்கா, நான் இஞ்சதான் இருக்கிறன். இலங்கைப் பாஸ்போட்டுக்குச் சிங்கப்பூர் வர முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை. பாஸ்போட் ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடியா இருக்கவேணும். மெல்பேண் ரிக்கெற்றையும் அவுஸ்திரேலியா விசாக் கடிதத்தையும் அச்செடுத்துக் கைப்பையில வையுங்கோ, குடிவரவில கேக்கக்கூடும்.

ஆனால் வருகை அட்டை கட்டாயம். கணினியில நிரப்புறது, வந்து இறங்குற நாளையும் சேர்த்து மூண்டு நாளுக்குள்ள. சிங்கப்பூர்க் குடிவரவுத் திணைக்களத்தின்ர தளத்தில அது முழுக்க இலவசம். அதே மாதிரித் தோற்றத்தில காசு கேக்கிற தளங்களும் இருக்கு, அதுக்குள்ள போகாதேங்கோ. மகளையே நிரப்பச் சொன்னால் நல்லம்.

இன்னொண்டு, ஆரும் "இதை அங்க ஒராளிட்டக் குடுங்கோ" எண்டு பார்சல் தந்தால் வாங்கவே வாங்காதேங்கோ. இஞ்ச போதைப்பொருளுக்கு மரணதண்டனை வரைக்கும் இருக்கு. வெத்திலையோட போடுற புகையிலையும் தடை, சுவிங்கமும் கொண்டுவரக் கூடாது.

கொக்குவில் ரீச்சர்:
ஐயோ, நல்லகாலம் கேட்டன். அப்ப வெளிய வாறது எப்படியும் நிச்சயம். சூட்கேசை இழுத்துக்கொண்டு நான் எங்க திரியிறது தம்பி?

சிராங்கூன் வாசி:
இழுக்கத் தேவையில்லை. சாங்கியில, அதுதான் சிங்கப்பூர் ஏயாப்போட்டில, காசுக்குப் பொதி காக்கிற இடங்கள் இருக்கு. குடுத்திட்டுத் துண்டை வாங்கிக்கொண்டு போகலாம். பின்னேரம் 5 மணிக்கு வந்து எடுத்தால் அந்தரமில்லாமல் கவுண்டருக்குப் போவியள்.

பருத்தித்துறைப் பெடியன்:
சாங்கியில இலவச நகரச் சுற்றுலா ஒண்டு இருக்கல்லோ? பஸ்ஸில ஏத்திக்கொண்டுபோய்க் காட்டி, திருப்பிக் கொண்டுவந்து விடுவினம். அன்ரிக்கு அது சுகம்.

நல்லூர்த் தம்பி:
நல்ல விசயம்தான், ஆனால் ரீச்சருக்குப் பொருந்தாது. அது 5.30 மணித்தியாலத்துக்கு மேல, 24க்குக் குறைய நிக்கிற இடைமாறு பயணிகளுக்கு. குடிவரவு தாண்டமுதல் உள்ளுக்க பதியவேணும். இவவின்ர சூட்கேஸ் பெல்ட்டில சுத்திக்கொண்டு நிக்கும்.

வட்டுக்கோட்டையான்:
ரீச்சர், உங்களுக்கு மெரினா பே, கண்ணாடிக் கட்டடம் எல்லாம் வேண்டாம். ஏயாப்போட் இருக்கிற கிழக்குப் பக்கத்திலயே, கத்தோங்கில "சிலோன் ரோட்" எண்டு ஒரு தெரு இருக்கு. அதில ஸ்ரீ செண்பக விநாயகர் கோயில். செண்பக மரத்தடியில கிடைச்ச பிள்ளையாரை வைச்சுத் துவங்கின கோயில், இண்டைக்கும் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம்தான் நடத்துது. கந்தோர், ரெயில்வே எண்டு மலாயாவுக்கு உத்தியோகத்துக்குப் போன எங்கட ஆக்கள் கும்பிட்ட இடம். எங்கட வட்டுக்கோட்டையில 1915இல பிறந்த எஸ். ராஜரத்தினம்தான் சிங்கப்பூரின்ர முதல் வெளிநாட்டமைச்சர். அந்த நாட்டுப் பிள்ளையள் பள்ளிக்கூடத்தில சொல்லுற உறுதிமொழியை 1966இல எழுதினதும் அவர்தான். யாழ்ப்பாணத்தில இருந்து போற ஒராள் பாக்கவேண்டிய சிங்கப்பூர் எனக்கு அதுதான்.

சிராங்கூன் வாசி:
அண்ணை சொன்னது எனக்கும் சரியாப் படுது. கோயில் மத்தியானம் பூட்டும், அதால முதல்ல அங்க போங்கோ. 36ஆம் நம்பர் பஸ் ஏயாப்போட்டில இருந்து மரீன் பரேட் பக்கமாப் போகும், ஆனால் முழங்கால் நோவோட இறங்கி நடக்கிறது கஷ்டம். வரிசையில நிண்டு மீற்றர் ரக்ஸி எடுங்கோ.

கும்பிட்டு முடிய, சாப்பாட்டுக்கு சிராங்கூன் வீதி. 1947இல துவங்கின கோமள விலாஸ் அங்கதான், முழுச்சைவம். இலையில சோறு, ரசம், மோர் எண்டு ஆறுதலா இருந்து சாப்பிடலாம். வீரமாகாளியம்மன் கோயிலும் அதே வீதியில இருக்கு, ஆனால் நீங்கள் சாப்பிட்டு முடிய அது பூட்டியிருக்கும், வெளியில நிண்டு கோபுரத்தைக் கும்பிடுங்கோ. இந்த ரெண்டு இடமும் காணும், மூண்டாவது வேண்டாம். பின்னேரம் மழை வந்தால் பொத்துக்கொண்டு ஊத்தும், குடை கொண்டுவாங்கோ. ரெயினில போனால் உள்ளுக்க ஒண்டும் குடிக்காதேங்கோ, தண்ணிக்கும் குற்றம் பிடிப்பினம்.

நேரத்தோட திரும்பி வந்தால் ஜூவலில இருங்கோ. முதலாம் ரெர்மினலோட ஒட்டின கட்டடம், குடிவரவுக்கு வெளியிலதான். 40 மீற்றர் உயரத்தில இருந்து உள்ளுக்க தண்ணி விழுகிறதைக் கதிரையில இருந்தே பாக்கலாம்.

மெல்பேண் மருமகள்:
அன்ரி, மிளகாய்த்தூள், ஒடியல்மா, பினாட்டு, கருவாடு எண்டு மகளுக்கு ஏதும் கட்டினால் ஒண்டையும் ஒளிக்காதேங்கோ. பிளைட்டில தாற அட்டையில உணவு எண்ட கேள்விக்கு "ஓம்" போடுங்கோ. காட்டினால் பாத்திட்டு விடுவினம், இல்லாட்டி எடுத்து எறிவினம், அவ்வளவுதான். மறைச்சுப் பிடிபட்டால் பெரிய தண்டம். கைப்பையில எண்ணெய், ஊறுகாய்ப் போத்தல் வேண்டாம், 100 மில்லிலீற்றருக்கு மேலயெண்டால் பறிப்பினம்.

கொக்குவில் ரீச்சர்:
எல்லாம் விளங்கீட்டுது பிள்ளையள். செண்பக விநாயகரை எப்படியும் பாக்கத்தான் போறன், எங்கட அப்புவின்ர தமையனும் மலாயாவில உத்தியோகம் பாத்தவர். ஏயாப்போட்டுக்குள்ள நடக்கிறதுதான் இன்னும் பயம்.

நல்லூர்த் தம்பி:
வீல்செயர் உதவி கேளுங்கோ ரீச்சர், அதுக்குப் பெரும்பாலும் காசு எடுக்கிறேல்லை. குடிவரவு, பெல்ட் எல்லாம் ஒராள் கூட்டிக்கொண்டு போவார். ரெண்டு பதிவு எண்டபடியால் ரெண்டு கொம்பனிக்கும் தனித்தனிய அறிவிக்கவேணும், ஒண்டுக்குச் சொன்னால் மற்றதுக்குப் போகாது. ரிக்கெற் போட்ட இடத்துக்கு நாளைக்கே போய், ரெண்டு தாளிலயும் அது பதிஞ்சிருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ. கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூரில இறங்கினவுடன 2.30 மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுங்கோ. 8.45 எண்டு போட்டிருக்கிறது அங்கத்தை நேரம்.