மாரியோ 8-4 கடைசி கோட்டை: யார் யாருக்கு என்ன ஆச்சு, கொட்டுங்க

கேசட்ஊதி:

மக்களே, 90ஸ்ல டிவி கேம் வச்சிருந்தவங்க, இல்ல பக்கத்து வீட்டு வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தவங்க எல்லாரும் வாங்க. மாரியோ 1-1 பத்தி ஊரே பேசிருச்சு, அந்த முதல் காளான், முதல் பைப் எல்லாம் போதும். எனக்கு வேணுங்கறது 8-4, அதாவது எட்டாவது உலகத்தோட நாலாவது ஸ்டேஜ், கடைசி கோட்டை. எப்படி முடிச்சீங்க, இல்ல எந்த இடத்துல வெறுத்துப் போய் விட்டீங்க, அத சொல்லுங்க.

நானே ஆரம்பிக்கிறேன். எங்க வீட்ல இருந்தது நின்டெண்டோவோட ஒரிஜினல் மெஷின் கிடையாது, அதோட காப்பி. கேசட் மேல ஒன்பது ஒன்பதா போட்டு "இத்தன கேம் இன் ஒன்"னு இருக்கும், உள்ள போனா அதே கொஞ்ச கேம்தான் பேரு மாறி மாறி வரும், மாரியோவே அதுல பல தடவ இருக்கும், ஒண்ணு முதல் ஸ்டேஜ்ல ஆரம்பிக்கும் இன்னொண்ணு எங்கயோ நடுவுல ஆரம்பிக்கும். அதனால 8 உலகம், உலகத்துக்கு 4 ஸ்டேஜ், மொத்தம் 32ங்கற கணக்கே எங்களுக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது.

ஒவ்வொரு உலகத்துலயும் நாலாவது ஸ்டேஜ் கோட்டைதான். வலது பக்கம் ஓடணும், சுத்துற நெருப்ப தாண்டணும், டிராகன் குதிக்கிறப்போ கீழ புகுந்து அந்தப் பக்கம் இருக்கற கோடாலிய தொடணும், பாலம் அப்படியே கழண்டு டிராகன் கீழ போயிரும். (பௌசர்னு பேரு இருக்குன்னு இப்பத்தான் எல்லாருக்கும் தெரியும், எங்க தெருவுல அது டிராகன்தான்.) அப்புறம் காளான் தலையன் நின்னு இளவரசி வேற கோட்டையில இருக்காங்கன்னு இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுவான், அத படிச்சுக் கூட பார்க்க மாட்டோம். 4-4லயும் 7-4லயும் மேல போறதா கீழ போறதாங்கற குழப்பம் வரும், தப்பா போனா அதே இடம் திரும்ப வரும், சரி எப்படியோ சமாளிச்சிரலாம்.

8-4 அப்படி இல்ல. ஓடிட்டே இருப்பீங்க, அது பாட்டுக்கு வந்துட்டே இருக்கும், முடியவே முடியாது. தப்பான பைப்ல இறங்குனா ஆரம்பத்துக்கே கொண்டு வந்து விட்டுரும், எந்த பைப்லயும் இறங்காம ஓடுனாலும் அதே சுவரு அதே குழிதான். தப்புன்னு சொல்ல ஒரு சத்தம் கூட வராது பாருங்க, அதுதான் கொடும. செத்தாலாவது இங்க தப்புன்னு தெரியும், இதுல சாகவும் மாட்டோம், டைம் மட்டும் 400ல இருந்து இறங்கிட்டே இருக்கும். அந்த 400 நம்ம கடிகார நொடியும் இல்ல, அதுல ஒரு எண்ணிக்கைக்கு 0.4 செகண்டுதான், அதாவது மொத்தமே 2 நிமிஷம் 40 செகண்டு. 100 ஆனதும் பாட்டு வேகமாகும், கை உதற ஆரம்பிக்கும், அப்புறம் என்ன, முடிஞ்சுது.

எங்கள மாட்ட வச்சது நடுவுல வர்ற ஒரு பைப்பு. அது தரையில இருக்காது, மேல இருக்கும், எவ்ளோ எகிறுனாலும் எட்டாது. எட்டாதுன்னு ஆனதும் அது சும்மா அழகுக்கு வச்சிருக்கான்னு எல்லாரும் தாண்டி ஓடிருவோம். எங்க சித்தப்பா பையன் ஒருத்தன், அவனுக்கு ஓட வராது, நின்ன இடத்துலயே குதிச்சிட்டு இருப்பான், எல்லாரும் அவன திட்டுவோம், அவன் ஒரு நாள் அந்த பைப்புக்கு முன்னாடி குதிச்சப்போ தலையில ஏதோ டொக்குனு இடிச்சுது. கண்ணுக்குத் தெரியாத கல்லு! அது மேல ஏறி நின்னா பைப் கைக்கு வந்துரும். ரூம்ல இருந்த அத்தன பேரும் கத்துன கத்துல எங்க பாட்டி உள்ள ஓடி வந்துட்டாங்க.

உங்களுக்கெல்லாம் அந்த கல்ல யாரு காட்டுனா?

வைகைக்கரை:

யாரும் காட்டல, எங்க அக்காதான் கண்டுபிடிச்சா. வீட்ல கேம் எங்க அண்ணனுக்குன்னு வாங்குனது, எங்களுக்கு ரெண்டாவது கைப்பிடிதான் கிடைக்கும், அதாவது அவன் செத்தா மட்டும் லூய்ஜி வருவான், அவன் சாகுற வரைக்கும் நாங்க உக்காந்து பாக்கணும். அந்த நேரத்துல அக்கா சும்மா இருக்க மாட்டா, கணக்கு நோட்டுக்கு பின்னாடி இருக்கற கட்டம் போட்ட பேப்பர்ல எல்லாத்தையும் வரைவா. எந்த பைப்ல இறங்குனா எங்க வந்துச்சு, எதுல பூ கடிக்க வருது, தண்ணி எங்க வருது எல்லாம். தப்பான பைப்புக்கு குறுக்க கோடு போட்டுக்கிட்டே வந்தா மிச்சம் இருந்தது மேல இருக்கற அந்த ஒண்ணுதான், அப்ப அதுக்குப் போக வழி இருந்தே ஆகணும்னு சொல்லிட்டா. அண்ணன் சிரிச்சான். அடுத்து அவ முறை வந்தப்போ அந்த பைப்ப சுத்தி ஒவ்வொரு கட்டமா குதிச்சுப் பார்த்து கல்ல எடுத்துட்டா.

இத நான் ஏன் சொல்றேன்னா, பின்னாடி ஒரு நாள் படிச்சேன், மியமோட்டோவும் தெசுகாவும் 1985ல இந்த கேம செய்யறப்போ ஸ்டேஜ் எல்லாத்தையும் கட்டம் போட்ட பேப்பர்ல கையாலதான் வரைஞ்சாங்களாம். அவங்க போன வழியிலயே அக்காவும் திரும்பி வந்திருக்கா. அக்காகிட்ட சொன்னேன், "அந்த நோட்ட உங்க அண்ணன் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டான்"னு அதுதான் பதிலா வந்துச்சு.

இன்னொண்ணு. அவ முடிச்சது லூய்ஜிய வச்சு. கடைசியில "தேங்க் யூ மாரியோ"ன்னு வராது, "தேங்க் யூ லூய்ஜி"ன்னு வரும், எத்தன பேரு பார்த்திருக்கீங்க? முதல் கைப்பிடி வச்சிருந்தவங்க யாரும் பார்த்திருக்க மாட்டீங்க.

கொங்குதம்பி:

லூய்ஜி மேட்டரு எனக்கு தெரியவே தெரியாதுங்க அக்கா, செம.

நான் டிராகன் பத்தி சொல்றனுங்க. எல்லாரும் கீழ புகுந்து ஓடித்தான் முடிப்பாங்க, எனக்கு அது ஆகாது, நெருப்பு குண்டு போட வைக்கற பூவ எடுத்து, அந்த குண்ட போட்டு சாய்ச்சாத்தான் திருப்தி. அஞ்சு குண்டு வாங்குனா விழுந்துருமுங்க. விழுறப்போ உத்து பாத்திருக்கீங்களா? 1-4ல விழுறது டிராகனே இல்லீங்க, அந்த நடக்கற பழுப்பு காளான்! ரெண்டாவது கோட்டையில ஆமை, அப்படியே மாறி மாறி 7-4ல சுத்தியல் எறியறவன். மொத்தம் ஏழும் டூப்பு. 8-4ல மட்டும்தானுங்க நிஜ டிராகன் தலைகீழா விழும். அஞ்சாவது கோட்டை வரைக்கும் வெறும் நெருப்புதான் ஊதும், ஆறும் ஏழும் வெறும் சுத்தியலு, எட்டுல நெருப்பும் சுத்தியலும் சேத்தி வருது.

ஆனா பூவோட அங்க போய் சேரணுமே, அதுதானுங்க சங்கடம். 8-3ல அந்த சுத்தியல்காரனுங்க ஜோடி ஜோடியா நிப்பானுங்க, அதுல தப்பிச்சு வந்தா, 8-4லயும் டிராகனுக்கு சித்த முன்னாடி ஒருத்தன் தனியா நிப்பான். பல தடவ பூ அவன்கிட்டத்தான் போயிருக்கு. அவன் முன்னால போய் நிக்கவே கூடாதுங்க, மேல எகிறுன நேரம் பாத்து அடியில ஓடிரணும், நின்னு கணக்கு பாத்தா தீந்துது.

பெருசா இருந்து அடி வாங்குனா சின்னதாகி மினுக்கு மினுக்குன்னு வரும் பாருங்க, அந்த நேரத்துல டிராகன் உள்ளயே நடந்து போய் கோடாலிய தொட்டுரலாம். எங்க ஊர்ல இத அழுகுணி ஆட்டம்னு ஒத்துக்கவே மாட்டாங்க.

வெள்ளவத்தைக்காரன்:

நாங்க கொழும்பு. எங்கட ஃப்ளாட்டில மேல் வீட்டுத் தம்பி ஒருத்தன்ட மட்டும்தான் இது இருந்தது, பின்னேரம் எல்லாரும் அங்கதான். 3-1 முடியிற இடத்தில படியில ஆமை வரும்தானே, அதை மிதிச்சு மிதிச்சு லைஃப் கூட்டுறது எல்லாருக்கும் தெரியும். 9ஐத் தாண்டினால் நம்பர் ஒழுங்கா வராது, முன்னால கிரீடம் மாதிரி ஒண்டு வந்து நிக்கும், அது வந்தால் பெரிய பெருமை. அந்தத் தம்பி ஒருநாள் 8-4ஐ முடிச்சே தீருவன் எண்டு நினைச்சு, கை நோக நோக ஆமையை மிதிச்சுக்கொண்டே இருந்தான். லைஃப் எக்கச்சக்கம். பிறகு நல்லா கவனமா விளையாடி ஒருக்காலும் சாகாமல் 8-4 வரைக்கும் வந்திட்டான், நாங்கள் எல்லாரும் மூச்சு விடாமல் பாத்துக்கொண்டு இருக்கிறம், முதல் நெருப்புக் குழியில விழுந்தான். சரி பரவாயில்லை, லைஃப் தான் கிடக்குதே எண்டு பாத்தால், கேம் ஓவர்!

அவன் அழுதே போட்டான். மெஷின் பழுது எண்டு தகப்பனும் சொல்லிப் போட்டார். இப்ப பாத்தால் மெஷினில பிழையே இல்லை. 127 வரைக்கும்தான் அந்தக் கணக்கு தாங்கும், அதுக்கு மேல போனால் உள்ளுக்க மைனஸ் எண்டு எடுத்துக்கொள்ளுமாம், சாகேக்க லைஃப் இல்லை எண்டு முடிச்சு விட்டிடும். வெறும் 40 கிலோபைட்டுக்குள்ள முழு கேமையும் அடைச்சவங்கள், இவ்வளவு லைஃப் சேர்க்கிற ஆக்களும் இருப்பினம் எண்டு யோசிச்சிருக்க மாட்டினம்.

கேசட்ஊதி:

ஐயோ பாவம்ங்க அந்த பையன்! ஏ பட்டன அமுக்கிப் பிடிச்சுட்டு ஸ்டார்ட் குடுத்தா செத்த உலகத்துலயே திரும்ப ஆரம்பிக்கலாமே, யாரும் சொல்லலையா? 8-1ல இருந்து வரணும்தான், ஆனாலும் 1-1க்கு போறதுக்கு அது எவ்ளோ மேல்.

வெள்ளவத்தைக்காரன்:

அப்ப எங்களுக்கு ஆர் சொல்லித்தாறது. நான் அதை கலியாணம் கட்டின பிறகுதான் அறிஞ்சனான்.

ஃப்ரேம்பைத்தியம்:

நான் 2003ல பொறந்தவன், கேசட்லாம் பார்த்ததே இல்ல, எமுலேட்டர்தான், அதாவது பழைய கேம கம்ப்யூட்டர்ல ஓட்டுற சாஃப்ட்வேர். உள்ள வரலாமா அங்கிள்ஸ்?

நீங்க கல்ல தேடுன பைப் இருக்குல்ல, ஸ்பீட்ரன் பண்றவங்க, அதாவது யாரு சீக்கிரம் முடிக்கறதுன்னு போட்டி போட்டு ஆடறவங்க, அந்த கல்ல தொடவே மாட்டாங்க. பைப்போட சைடுல மோதி அந்த விளிம்புல கால் வச்சு மறுபடி எகிறி மேல ஏறிருவாங்க, வால் ஜம்ப்னு பேரு. கேம்ல அப்படி ஒரு வித்தையே வைக்கல, சுவத்துக்குள்ள கால் ஒரு பிக்சல் போற மாதிரி ஆகும்போது தரையில நிக்கறதா அது நெனச்சுக்குது, அவ்ளோதான். நான் ட்ரை பண்ணேன், பத்துக்கு ஒண்ணு வந்தாலே பெரிய விஷயம்.

8-4 ஏன் முக்கியம்னா, மத்த ஸ்டேஜ்ல எல்லாம் கேம் 21 ஃப்ரேமுக்கு (ஃப்ரேம்னா திரையில ஒண்ணு பின்னாடி ஒண்ணா வர்ற ஒவ்வொரு படம்) ஒரு தடவதான் அடுத்ததுக்குப் போலாமான்னு பார்க்கும், அதாவது 0.35 செகண்டு. அதுக்குள்ள நீங்க கொஞ்சம் முன்ன பின்ன வந்தாலும் பஸ் அதே நேரத்துக்குத்தான் கிளம்பும். 8-4க்கு அந்த பஸ்ஸே கிடையாது, கோடாலிய தொட்டதும் டைம் நின்னுரும், அதனால ஒவ்வொரு ஃப்ரேமும் கணக்கு. 1-2ல வார்ப் (நடுவுல இருக்கற உலகத்த தாண்டிப் போற குறுக்கு வழி) எடுத்து 4ஆவது உலகம், 4-2ல வார்ப் எடுத்து 8ஆவது உலகம், ஆக மொத்தம் எட்டே ஸ்டேஜ் ஆடி, 2021ல நிஃப்ட்ஸ்கிங்கறவர் முதல் தடவையா 4 நிமிஷம் 55 செகண்டுக்குக் கீழ வந்தாரு. முன்னாடி ஏழு ஸ்டேஜும் கரெக்டா ஆடிட்டு கடைசி கோட்டையில கை நடுங்கி விட்டவங்க வீடியோ எல்லாம் பார்த்தா நமக்கே வயிறு கலங்கும்.

வைகைக்கரை:

தம்பி, அந்த தண்ணி ரூம எப்படி போறாங்க? எங்கக்காவே அதுலதான் நிறைய செத்தா. கோட்டைக்குள்ள தண்ணி, தண்ணிக்குள்ள நெருப்பு சுத்துது, என்ன நியாயம் இது. வெள்ளையா ஒரு கணவா மீன் மாதிரி ஒண்ணு வேற மேலயும் கீழயும் வந்துட்டே இருக்கும்.

ஃப்ரேம்பைத்தியம்:

கணவாவேதான் அக்கா, ப்ளூப்பர்னு பேரு. பட்டன விடாம அடிச்சா மேல போய் மாட்டிப்பீங்க. விட்டு விட்டு அடிக்கணும். ப்ளூப்பர் உங்களுக்கு கொஞ்சம் மேல வர்ற வரைக்கும்தான் இறங்கும், அதனால தரையோட தரையா போனா பெரும்பாலும் தலைக்கு மேலயே நின்னுரும்.

கொங்குதம்பி:

முடிச்சதுக்கப்புறம் என்னாச்சுன்னு யாருமே சொல்லலீங்களே. இளவரசி நிப்பாங்க, உன் வேலை முடிஞ்சுது, புதுசா ஒண்ணு தர்றோம், பி பட்டன அமுக்கி உலகத்த தேர்ந்தெடுன்னு வரும். எங்க செட்ல பி பட்டனு தேஞ்சு போய் வேல செய்யாதுங்க. அப்படியே பார்த்துட்டே உக்காந்துட்டு ஆஃப் பண்ணிட்டோம்.

கேசட்ஊதி:

ஹாஹா. நாங்க அமுக்கிப் பார்த்தோம் தம்பி. திரும்ப 1-1, ஆனா அந்த பழுப்பு காளான் ஒண்ணு கூட இருக்காது, அந்த இடத்துல எல்லாம் குண்டு போட்டாலும் சாகாத கருப்பு ஓட்டு வண்டு. எல்லாம் வேகமா வேற வரும். அதுலயும் 8-4 வரைக்கும் போனவங்க இருந்தா கை தூக்குங்க, எங்க செட்டு 3-1லயே மூட்டை கட்டிருச்சு.

வைகைக்கரை:

அக்கா போயிருக்கா. கேட்டு எழுதுறேன், இப்ப அவ பேங்க்ல கவுன்ட்டர்ல இருப்பா, சாயங்காலம்தான் ஃபோன் எடுப்பா.