கூகுள் விளம்பரத்துக்கு ஏஜென்சி தேடுகிறேன், ரிவ்யூ தளங்களின் பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

கரூர்_தறி:

வணக்கம். கரூரில் அப்பா காலத்திலிருந்து ஏப்ரன், கிச்சன் டவல், மேசை விரிப்பு எல்லாம் தைத்து ஏற்றுமதி செய்கிறோம். இதுவரை முழுக்க பையிங் ஏஜென்ட் வழியாகத்தான் போனது. கடந்த இரண்டு சீசனாக ஆர்டர் இறங்கிவிட்டதால், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 300, 500 பீஸ் எடுக்கிற சின்னக் கடைக்காரர்களை நேரடியாகப் பிடிக்கலாம் என்று வெப்சைட் ஒன்று போட்டோம். கூகுளில் நானே ஒரு மாதம் விளம்பரம் ஓட்டிப் பார்த்தேன். 40,000 ரூபாய் போனது, வந்த விசாரணை ஆறு, அதில் நான்கு பேர் வேலை கேட்டு எழுதியவர்கள்.

சரி, வேலை தெரிந்த ஏஜென்சியிடம் கொடுப்போம் என்று தேட ஆரம்பித்தேன். கிளட்ச், குட்ஃபர்ம்ஸ், டிசைன்ரஷ், ஜி2, தி மேனிஃபெஸ்ட் என்று ஒவ்வொன்றாகத் திறந்தால் எல்லாவற்றிலும் 'சிறந்த நிறுவனங்கள்' பட்டியல் இருக்கிறது. ஒன்றில் முதல் பக்கத்தில் நிற்கிற கம்பெனி இன்னொன்றில் தேடினாலும் கிடைக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் ஐந்துக்கு 4.8, 4.9, 5.0 நட்சத்திரம். இதில் யாரை எப்படிப் பிரிப்பது என்று நிஜமாகவே புரியவில்லை.

மூன்று பேரிடம் பேசினேன். ஒருவர் மாதம் 25,000 நிலையான கட்டணம் என்கிறார், இன்னொருவர் விளம்பரச் செலவில் 15 சதவீதம் கேட்கிறார், மூன்றாமவர் 90 நாளில் கூகுளில் முதலிடம் உறுதி, எழுதியே தருகிறேன் என்கிறார். மூவரிடமும் கூகுள் பார்ட்னர் முத்திரை இருக்கிறது. விளம்பரத்துக்கு என்னால் மாதம் 60,000 வரை ஒதுக்க முடியும், அதற்கு மேல் தாங்காது. இந்தத் தளங்களில் வரும் வரிசை எதை வைத்து வருகிறது, எதை நம்பலாம், எதை விடலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சுபா_தேடல்:

சென்னையில் ஒரு ஏஜென்சியில் நான்கு வருடம் இருந்தேன், வாடிக்கையாளர்களிடம் ரிவ்யூ வாங்குவது என் வேலைகளில் ஒன்று. அதனால் உள்ளிருந்து பார்த்ததையே சொல்கிறேன்.

முதலில் வரிசை. கிளட்ச் வாஷிங்டனில் இருக்கிற நிறுவனம், அதில் பெயரைச் சேர்க்கக் காசு வேண்டாம், ஆனால் பட்டியலின் தலையில் நிற்பதற்கு ஸ்பான்சர்ஷிப் விற்கிறார்கள். மறைத்துச் செய்வதில்லை, ஸ்பான்சர் என்று எழுதியேதான் இருக்கும், நாம்தான் அதைக் கவனிக்காமல் மேலே இருப்பவர் கெட்டிக்காரர் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆகவே பட்டியலைத் திறந்ததும் வரிசைப்படுத்தும் இடத்தில் போய் மாற்றிப் பாருங்கள், முதல் பக்கம் வேறு மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, தி மேனிஃபெஸ்ட் கிளட்ச் குடும்பத்துத் தளம்தான். இரண்டிலும் ஒரே பெயரைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் தனித்தனியாகச் சிபாரிசு செய்ததாக நினைக்க வேண்டாம்.

அடுத்தது அந்த 4.9. அதில் பெரும்பாலும் பொய் இல்லை, ஆனால் பொறுக்கி எடுத்தது. எங்கள் ஆபீஸில் நடந்தது இதுதான்: கேம்பெயின் நன்றாகப் போன மாதம் பார்த்து, நல்ல மனநிலையில் இருக்கிற வாடிக்கையாளரிடம் மட்டும் கேட்போம். பணத்தகராறில் இருப்பவரிடமோ பாதியில் விட்டுப்போனவரிடமோ யாரும் லிங்க் அனுப்ப மாட்டார்கள். அவர்களும் தாங்களாகத் தேடிப்போய் எழுதுவது அபூர்வம், ஏனென்றால் இது ஓட்டல் சாப்பாடு இல்லை, நூறு பேர் சாப்பிட்டு நூறு பேர் எழுதுவதற்கு. ஒரு ஏஜென்சிக்கு மொத்தமே இருபது முப்பது வாடிக்கையாளர் இருப்பார்கள். அதில் எட்டுப் பேர் எழுதினால் அந்த எட்டுப் பேர் யார் என்பதை ஏஜென்சிதான் தீர்மானிக்கிறது. அதனால் 4.8க்கும் 5.0க்கும் நடுவில் வித்தியாசம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தளமே வேண்டாமா என்றால், இல்லை, ரிவ்யூவின் உள்ளே எழுதியிருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. கிளட்ச்சில் பல ரிவ்யூக்கள் வாடிக்கையாளரிடம் போனில் பேசி எழுதப்பட்டவை, என்ன பிரச்சினையோடு வந்தார், என்ன வேலை நடந்தது, என்ன கிடைத்தது என்று நீளமாக இருக்கும். பட்ஜெட் எந்த அளவு, எந்த மாதம் தொடங்கி எதுவரை என்பதும் இருக்கும். நான் முதலில் பார்ப்பது எந்த வேலைக்கு அந்த நட்சத்திரம் என்று. ஐந்து நட்சத்திரம் வாங்கியவர் அதை வெப்சைட் டிசைனுக்கோ மொபைல் ஆப்புக்கோ வாங்கியிருப்பார், பட்டியலில் மட்டும் விளம்பரப் பிரிவிலும் நிற்பார். கம்பெனியின் வேலையில் எத்தனை சதவீதம் எந்தச் சேவை என்று பக்கத்திலேயே ஒரு வட்டப்படம் போட்டிருப்பார்கள், அதில் கூகுள் விளம்பரம் 10 சதவீதம் என்றால் உங்கள் வேலையைப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் கொடுப்பார்கள் என்றே எண்ணுங்கள்.

அப்புறம், எதைச் சரிசெய்யலாம் என்ற கேள்விக்கு வாடிக்கையாளர் என்ன பதில் சொன்னார் என்று பாருங்கள். 'ஒன்றுமில்லை, எல்லாம் அருமை' என்பதால் நமக்கு எதுவும் தெரியவராது. 'நடுவில் எங்கள் கணக்கைப் பார்த்த ஆள் மாறினார், இரண்டு மாதம் தடுமாறியது, பிறகு சரியானது' என்று ஒருவர் எழுதியிருந்தால் நான் அந்தக் கம்பெனிக்குத்தான் முதலில் போன் செய்வேன். மூன்று வருடமாக மாதாமாதம் நீடிக்கிற வாடிக்கையாளர் கொடுத்த 4.5, ஒரு மாத வேலைக்குக் கிடைத்த 5.0ஐ விடப் பெரிது.

பாண்டி_மதுரை:

தம்பி, சுபாம்மா சொன்னது எல்லாம் சரி. நான் பட்டதைச் சொல்கிறேன், எந்தத் தளம், எந்த ஏஜென்சி என்று கேட்காதீர்கள்.

மதுரையில் ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கிறேன். ரிவ்யூ தளம் ஒன்றில் நல்ல பெயர் வாங்கியிருந்த ஏஜென்சியைப் பார்த்துக் கொடுத்தேன், இரண்டு வருடம் ஓடியது. மாதாமாதம் அழகான பிடிஎஃப் வரும், இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள், இத்தனை ஆயிரம் கிளிக் என்று. கடைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் அதில் இருக்காது. ஒரு நாள் மகள் கேட்டாள், அப்பா, ஜனங்கள் என்ன டைப் செய்து நம் விளம்பரத்தை அமுக்குகிறார்கள் என்று பார்த்தீர்களா என்று. நான் பார்த்ததே இல்லை. அவர்களைத் திறந்து காட்டச் சொன்னோம், மூன்று தடவை தட்டிக்கழித்துவிட்டுக் கடைசியில் காட்டினார்கள். 'சோஃபா ரிப்பேர்', 'பழைய கட்டில் விற்க', 'வாடகைக்கு நாற்காலி'. இரண்டு வருடம் இதற்குத்தான் நான் காசு கட்டியிருக்கிறேன்.

சரி, விலகிக்கொள்கிறேன் என்றபோதுதான் இரண்டாவது அடி. கணக்கே அவர்கள் பெயரில் இருந்தது. பல வாடிக்கையாளர்களை ஒரே இடத்தில் பார்க்க அவர்கள் வைத்திருக்கும் மேனேஜர் கணக்குக்குள் திறந்து, எனக்கு அட்மின் உரிமை தராமலே வைத்திருந்தார்கள். எந்த வார்த்தைக்கு எத்தனை கிளிக் வந்தது என்ற இரண்டு வருடத்துப் பழைய கணக்கு எல்லாம் அங்கேயே நின்றுவிட்டது, நான் புதுக்கணக்கில் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

பிறகுதான் தெரிந்தது, ஏஜென்சிகளுக்குக் கூகுளே விதி வைத்திருக்கிறது. தனிக் கட்டணம் வாங்கினால் அதைச் சொல்ல வேண்டும், செலவு, கிளிக், எத்தனை தடவை காட்டப்பட்டது என்ற கணக்கைத் தர வேண்டும், கேட்டால் கணக்கு எண்ணைக் கொடுக்க வேண்டும். எனக்கு அன்று கேட்கத் தெரியவில்லை. அந்த ஏஜென்சியின் ரிவ்யூக்களை மறுபடி படித்துப் பார்த்தேன், இருபதுக்கு மேல் இருந்தது, ஒருவர்கூட கணக்கு யார் பெயரில் என்று எழுதவில்லை. நீங்கள் உங்கள் ஜிமெயிலில் கணக்கைத் திறந்து, அதில் அவர்களை இணைத்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் துண்டித்துவிடலாம், கணக்கு உங்களிடமே இருக்கும்.

கரூர்_தறி:

பாண்டி அண்ணா, ரொம்ப நன்றி, கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது, அதை விடமாட்டேன். சுபா அவர்களே, வரிசையை மாற்றிப் பார்த்தேன், நான் பேசிய மூவரில் இருவர் முதல் பக்கத்தையே விட்டு இறங்கிவிட்டார்கள். அந்தக் கூகுள் முத்திரையையாவது நம்பலாமா? அது கூகுளே கொடுப்பதுதானே? அப்புறம் 90 நாள் உறுதி என்பது?

மேனகா_ஆட்ஸ்:

தனியாக இந்த வேலை செய்கிறேன், எந்தப் பட்டியலிலும் நான் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்ட்னர் முத்திரைக்குக் கூகுள் பார்ப்பது மூன்று விஷயம். அவர்கள் நிர்வகிக்கிற கணக்குகளில் 90 நாளில் 10,000 டாலர் செலவாகியிருக்க வேண்டும், கணக்குகளைப் பார்க்கிற ஆட்களில் பாதிப் பேராவது கூகுள் தேர்வு எழுதித் தேறியிருக்க வேண்டும், 'ஆப்டிமைசேஷன் ஸ்கோர்' 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இந்த ஸ்கோர் கூகுள் தருகிற ஆலோசனைகளை வைத்து வருவது, ஆலோசனையை ஏற்றாலும் ஏறும், வேண்டாம் என்று தள்ளினாலும் ஏறும். பட்ஜெட்டைக் கூட்டு என்பதும் அந்த ஆலோசனைகளில் ஒன்று. ஆக முத்திரை சொல்வது, இவர்கள் நிஜமாகவே இந்த வேலை செய்கிறார்கள், கையில் கணக்குகள் இருக்கின்றன என்பதை. உங்கள் டவல் விற்குமா என்பதை அது சொல்லாது. பிரீமியர் பார்ட்னர் என்பது ஒவ்வொரு நாட்டிலும் மேல் 3 சதவீதத்துக்குக் கொடுப்பது, அவர்களில் பலர் பெரிய பட்ஜெட்டுக்குப் பழகியவர்கள், மாதம் 60,000 ரூபாய்க்கு அவர்கள் எவ்வளவு நேரம் ஒதுக்குவார்கள் என்று யோசியுங்கள்.

90 நாள் ஆளை இன்றே விடுங்கள். விளம்பரத்தில் ஒவ்வொரு தேடலுக்கும் தனி ஏலம், காலையில் மேலே இருப்பவர் மாலையில் கீழே இருப்பார். விளம்பரம் இல்லாத சாதாரண முடிவுகளைப் பற்றித்தான் பேசுகிறார் என்றால், முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் அவர் தன் கையில் இல்லாததை விற்கிறார்.

15 சதவீதம் கேட்டவரும் தவறானவர் இல்லை, ஆனால் உங்கள் செலவில் அது 9,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. 9,000க்கு ஒரு நல்ல ஆள் மாதத்தில் சில மணி நேரம்தான் பார்க்க முடியும், அல்லது செலவை ஏற்றச் சொல்லித் தூண்டுவார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிலையான கட்டணத்தையே கேட்பேன், 25,000த்தைக் கொஞ்சம் பேசிக் குறைப்பேன்.

நூலக_வாசகன்:

இந்தத் தொழிலில் இல்லை, நுகர்வோர் விஷயங்களைத் தொடர்ந்து படிப்பவன். காசு வாங்கிக்கொண்டு வரிசை போடுவது இந்தத் துறையில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் கல்விக்கடன்களை ஒப்பிட்டுக் காட்டும் லெண்ட்எஜு என்ற தளம், நடுநிலையாகத் தரம் பிரிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, பணம் கொடுத்த நிறுவனங்களை மேலே வைத்தது என்று அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது, 2020இல் 3,50,000 டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் அதே கமிஷனின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. போலி ரிவ்யூ வாங்கவோ விற்கவோ கூடாது, ஒரு கம்பெனி தானே நடத்துகிற ரிவ்யூ தளத்தைச் சுதந்திரமான தளம்போலக் காட்டக்கூடாது. 'இந்தியாவின் டாப் 10 ஏஜென்சிகள்' என்று ஒரு ஏஜென்சியே கட்டுரை எழுதி முதல் இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த விதிதான் நினைவுக்கு வரும்.

இங்கே 2022 நவம்பரில் பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஆன்லைன் ரிவ்யூக்களுக்கு ஒரு தரநிலை கொண்டுவந்தது, ஐ.எஸ். 19000:2022. எழுதியவர் நிஜமான ஆள்தானா என்று எப்படிச் சரிபார்க்க வேண்டும், வந்த ரிவ்யூவை எப்படி வெளியிட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் விருப்பம் உள்ளவர்கள் பின்பற்றலாம் என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். அதைக் கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், சிறு தொழில் செய்பவர் ஒரு மாதச் சம்பளப் பணத்தை நட்சத்திரத்தை நம்பித்தானே கொடுக்கிறார்.

சுபா_தேடல்:

உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் எல்லாத் தளத்தையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்பேன். கோவையிலும் திருச்சியிலும் இருக்கிற ஐந்தாறு பேர் கொண்ட நல்ல ஏஜென்சிகளுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் கிடைத்ததே இந்தத் தளங்களால்தான், அப்படி வளர்ந்த இரண்டு பேரை எனக்கு நேரில் தெரியும். தம்பி, பெயர்களைக் கண்டுபிடிக்க இந்தத் தளங்களைப் பயன்படுத்துங்கள். தேர்ந்தெடுப்பதற்கு, ரிவ்யூ எழுதிய ஆளையே லிங்க்ட்இன்னில் தேடி இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். நான் கேட்டவரையில் பாதிப் பேராவது பதில் போடுகிறார்கள், எழுதாமல் விட்டதைப் போனில் சொல்வார்கள்.

கரூர்_தறி:

கேட்டுவிட்டேன். புதிய வரிசையில் நான்காவது பக்கத்தில் ஒரு சின்ன ஏஜென்சி, ஏழே ரிவ்யூ, அதில் ஒன்று பானிபட்டில் மெத்தை விரிப்பு ஏற்றுமதி செய்பவர் கொடுத்தது. நேற்று இரவு அவரோடு இருபது நிமிடம் பேசினேன். முதல் மூன்று மாதம் ஆர்டர் ஒன்றும் வரவில்லை என்றார், ஆனால் வாராவாரம் தேடல் வார்த்தைகளைத் திறந்து வைத்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்தார்களாம், ஐந்தாவது மாதத்தில்தான் ஒரு நிலையான வாடிக்கையாளர் கிடைத்தார் என்றார். அட்மின் உரிமை முதல் நாளிலிருந்தே அவரிடம் இருந்திருக்கிறது. திங்கட்கிழமை அவர்களோடு ஸ்கிரீன் ஷேர் வைத்திருக்கிறேன். என் பழைய ஒரு மாதக் கணக்கையும் திறந்து காட்டப்போகிறேன். அதற்கு முன் நான் பார்த்து வைக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

மேனகா_ஆட்ஸ்:

அந்த மாதத்துத் தேடல் வார்த்தைகளை டவுன்லோட் செய்து நீங்களே ஒரு தடவை படித்துவிடுங்கள். ஏப்ரன் என்றால் தைக்கும் பேட்டர்ன் தேடுபவர்கள், ஒற்றை ஏப்ரன் வாங்குபவர்கள், உங்கள் விஷயத்தில் வேலை தேடுபவர்கள், எல்லோரும் அதில் இருப்பார்கள். 'ஃப்ரீ', 'பேட்டர்ன்', 'ஜாப்ஸ்', 'அமேசான்' போன்று உங்களுக்கு உதவாத வார்த்தைகளைப் பச்சை மையில் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் திங்கட்கிழமை நீங்கள் முதலில் வாய் திறக்க வேண்டாம். அவற்றில் அவர்கள் தாங்களாகவே எத்தனை வார்த்தையை வேண்டாம் என்று சுட்டிக்காட்டுகிறார்கள் என்று எண்ணுங்கள். பாதியையாவது பிடித்தார்கள் என்றால் கட்டணம் பேச உட்காரலாம்.