பொருள்: ‘பன்மை அறியாமை’ வேண்டாம், ‘பிறர்கருத்து மயக்கம்’ எனலாமா?

வணக்கம் ஐயா. குழு அன்பர்களுக்கும் வணக்கம். ஓர் ஆங்கில உளவியல் தொடரின் தமிழாக்கம் பற்றி நீங்கள் எழுதியிருந்ததற்கு என் மறுமொழி:

> ‘புளூரலிஸ்டிக் இக்னரன்ஸ்’ என்பதற்குப் ‘பன்மை அறியாமை’ போதும். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

சொல் பொருந்துகிறது ஐயா, பொருள் பொருந்தவில்லை. பலரும் தனித்தனியே ஒன்றை நினைத்துக்கொண்டு, மற்றவர்கள் அப்படி நினைக்கவில்லை என்று தவறாக எண்ணுவதைத்தான் இத்தொடர் குறிக்கிறது. 1931இல் உளவியலாளர்கள் ஃப்ளாய்ட் ஆல்போர்ட்டும் டேனியல் கட்ஸும் மாணவர் மனப்பாங்கு பற்றிய ஆய்வில் கையாண்ட தொடர் இது. இன்று நம் செய்தியாளர்களுக்கு இது அதிகம் தேவைப்படுவது காலநிலை பற்றிய கருத்தாய்வுகளை எழுதும்போதுதான். அங்கே வைத்துப் பார்ப்போம்.

2024இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் வந்த ஆய்வு, 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம் நடந்தது. புவி வெப்பமாதலைத் தடுக்க வீட்டு வருமானத்தில் மாதந்தோறும் 1 விழுக்காடு தரத் தயார் என்றவர்கள் 69 விழுக்காடு. ‘உங்கள் நாட்டில் எத்தனை பேர் தருவார்கள்?’ என்று கேட்டபோது வந்த சராசரி விடை 43. அமெரிக்காவில் 2022இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. கார்பன் வரி, தூய மின்சாரக் கட்டாயம் போன்ற கொள்கைகளை 66 முதல் 80 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். ஆனால் 37 முதல் 43 விழுக்காட்டினர்தான் ஆதரிப்பார்கள் என்று அம்மக்களே நினைத்தார்கள்.

இதில் எவர் எதை அறியவில்லை? சிக்கலின் தீவிரம் அவர்களுக்குத் தெரியும். தம் மனமும் தெரியும். அடுத்தவர் மனத்தைத்தான் பிழையாக எடைபோடுகிறார்கள். ‘மக்களிடம் பன்மை அறியாமை’ என்று நாளிதழில் அச்சிட்டால், பலருக்கும் விவரம் போதாது என்றுதான் வாசகர் புரிந்துகொள்வார். பெரும்பான்மையினர் பொறுப்போடு இருக்கிறார்கள் என்று காட்டும் ஆய்வுக்கு, அவர்களையே தாழ்த்தும் பெயரை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கயிற்றைப் பாம்பென்று கொள்வதை நம் மரபு அறியாமையோடு சேர்க்காமல் ‘திரிபு’ எனத் தனியே பிரித்தது. இலக்கணப்படி பார்த்தால் அதுவே மிகச் சரி. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு திரிபு என்றாலே வைரஸ் நினைவுக்கு வருகிறது. ‘கருத்துத் திரிபு’ என்றால் யாரோ வேண்டுமென்றே திரித்தார்கள் என்றும் ஆகிவிடும். இதே தொடருக்கு ‘ஒத்தோர் அறியாமை’ என்று குழுவில் ஓர் அம்மையார் எழுதியிருந்தார். அழகான தொடர். ஆனால் ஒத்தோரை அறியாமையா, ஒத்தோருடைய அறியாமையா என்பது தெளிவாக இல்லை.

ஆகவே ‘பிறர்கருத்து மயக்கம்’ என்பதை முன்வைக்கிறேன். மயக்கம் என்றால் தலைசுற்றல் நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். தனியே நின்றால் வரும். ‘பொருள் மயக்கம்’ என்று தொடரில் நிற்கும்போது எவருக்கும் அந்த எண்ணம் வருவதில்லை. மயக்கம் தெளியக் கூடியது என்பதும் இங்கே முக்கியம். அறியாமை என்றால் பாடம் நடத்தக் கிளம்பிவிடுவோம். மயக்கம் என்றால், ‘உங்களைப் போலவே பலர் நினைக்கிறார்கள்’ என்ற உண்மையைச் சொல்வதே மருந்து என்பது விளங்கும்.

இதில் நான் இத்தனை பிடிவாதம் காட்டக் காரணம் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் உதவியாளர்களைப் பற்றி 2019இல் வந்த ஆய்வில், கரியமில வாயுவைக் கட்டுப்படுத்துவதற்குத் தொகுதி மக்களிடம் உள்ள ஆதரவை அவர்களும் குறைத்தே மதிப்பிட்டது தெரிந்தது. மக்கள் ‘நான் மட்டும்தான்’ என்று பேசாமல் இருக்க, சட்டம் எழுதும் இடத்தில் இருப்பவர்கள் அந்த அமைதியை எதிர்ப்பாக எடுத்துக்கொண்டால், ஆதரவுள்ள கொள்கையும் கிடப்பில் கிடக்கும்.

முதல் ஆய்வில் கண்ட 69க்கும் 43க்கும் இடையிலான வேறுபாட்டுக்கும், அதாவது உண்மையான ஆதரவுக்கும் மக்கள் நினைக்கும் ஆதரவுக்கும் உள்ள இடைவெளிக்கும், ஒரு சொல் தேவை. ‘கணிப்பு இடைவெளி’ கூடாது. கருத்துக்கணிப்பு முடிவு பிழைத்ததாகத் தோன்றும். ‘எண்ண இடைவெளி’ எனலாமா? இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றுவதற்கு முன் உளவியல் படித்தவர்கள் இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள். ‘பிறர்கருத்து’ என்பதைச் சேர்த்து எழுதியது சரியா என்பதையும் இலக்கணம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.