பத்து நிமிஷப் படகு

கோதையாற்றுக்காரி | காலை 6.50
நேற்று ராத்திரி இன்னொரு குழுவில், குமரி மாவட்ட மலைப் பழங்குடியான எங்கள் காணிக்காரர்களைப் பற்றி ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. அவர் எழுதியது இது: "காணிக்காரர்கள் பிள்ளைகளை விடுதியில் சேர்க்காமல் மலையிலேயே வைத்திருப்பது குழந்தை உரிமை மீறல். குழந்தைகள் நலக் குழுவில் புகார் கொடுத்து, தேவைப்பட்டால் பிள்ளையை அரசே எடுத்து வளர்க்க வேண்டும். அரசியல் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பேச்சிப்பாறை அணையில் படகு ஏறினால் பத்து நிமிஷத்தில் ரோடு. பிறகென்ன சாக்கு?" எழுதியவர் இங்கேயும் இருக்கிறார். பேர் சொல்லவில்லை.

நான் காணிதான். ஆறு வயதில் என்னை விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாவாடை, அம்மா வாழையிலையில் கட்டித் தந்த அவித்த மரச்சீனி. முதல் நாளே பேன் என்று சொல்லித் தலைமுடியை ஒட்ட வெட்டினார்கள். மூன்றாம் நாள் மரச்சீனியில் பூசணம் பிடித்தது. எறும்பு ஏறுகிற வரைக்கும் அதை நான் தூக்கிப் போடவில்லை. படித்தேன், வேலைக்கும் வந்துவிட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அரசியல் சட்டத்தின் 21ஏ பிரிவு கல்வி தரவேண்டிய கடமையை அரசின் தலையில்தான் வைக்கிறது. அம்மாவிடமிருந்து பிள்ளையைப் பிடுங்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை.

நாஞ்சில் வாத்தியார் | காலை 7.15
பேர் சொல்ல என்ன பயம் பிள்ளே? நான்தான் எழுதினேன். 31 வருஷ சர்வீஸ், அதில் இரண்டு வருஷம் அந்த மலைப் பள்ளியில். மற்றவர்கள் மாறுதல் கேட்டு ஓடினபோது நான் ஓடவில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலாவதாக வந்த மாவட்டம் நம்முடையது. அது மந்திரத்தில் வரவில்லை.

21ஏ தெரிந்த உனக்கு 51ஏ (கே) தெரியாதா? 2002-இல் அதே 86-ஆவது திருத்தத்தில்தான் அதுவும் வந்தது. ஆறிலிருந்து பதினாலு வயது வரை பிள்ளைக்குப் படிக்க வாய்ப்புத் தருவது பெற்றோரின் கடமை. படகு பத்து நிமிஷம். நானே போய் வந்தவன்.

குலசேகரம் ஷீட்டு | காலை 7.31
சார், அது அணையில் எத்தனை அடி தண்ணீர் கிடந்தபோது?

நாஞ்சில் வாத்தியார் | காலை 7.33
சம்பந்தமில்லாத கேள்வி.

குலசேகரம் ஷீட்டு | காலை 7.40
48 அடி அணை, சார். 45 அடி கிடந்தால் படகு வீட்டு வாசல் பக்கத்தில் வந்து நிற்கும். கோடையில் தண்ணீர் இறங்கினால் கால் கிலோமீட்டர் சேற்றில் நடந்த பிறகுதான் படகையே பார்க்கலாம். நான் ரப்பர் வெட்டப் போய் ஒரு செருப்பை அந்தச் சேற்றில் விட்டுவிட்டு வந்தவன். அதையும் உங்கள் பத்து நிமிஷத்தில் சேர்த்தாச்சா?

விளவங்கோடு வக்கீல் | காலை 8.20
51ஏ அடிப்படைக் கடமை. அதை மட்டும் வைத்து ஒரு அப்பாவையோ அம்மாவையோ நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. அடுத்தது, 2015 சிறார் நீதிச் சட்டம். பிள்ளையை நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்று அதன் பொதுக் கொள்கைகளிலேயே எழுதியிருக்கிறது. குழந்தைகள் நலக் குழு என்ன பிள்ளை பிடிக்கிற வண்டியா? விடுதியில் சேர்க்கவில்லை என்பதால் மட்டும் ஒரு பிள்ளை 'பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை' ஆகிவிடாது.

இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகளின்படி தொடக்கப் பள்ளி 1 கி.மீ.க்குள், நடுநிலை 3 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். ரோடில்லாத, வெள்ள அபாயமுள்ள இடமென்றால் பள்ளியைத்தான் பக்கத்தில் கொண்டு வரச் சொல்கிறது.

நாஞ்சில் வாத்தியார் | காலை 8.41
வக்கீலே, உமக்கு என்மேல் பழைய கோபம். போன வருஷம் நெய்யாறு இடதுகரைக் கால்வாய் விவாதத்தில் உம்முடைய தேதியைத் திருத்தினேன், அதை இங்கே தீர்க்கிறீர்.

1 கி.மீ. என்கிறீரே, நேர்கோட்டில் அளந்தால் அக்கரைக்கு அவ்வளவுதான் வரும். பேச்சிப்பாறை மலைப்பகுதி பழங்குடிப் பகுதிகளுக்கான அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைக்குள் வருகிறது, அங்கே அரசுக்குத் தனி அதிகாரமே உண்டு. படித்துவிட்டு வாரும்.

விளவங்கோடு வக்கீல் | காலை 8.55
திருத்தியது நான். அந்தக் கால்வாயில் கேரளம் தண்ணீரை நிறுத்தியது 2004-இல். நீங்கள் சொன்ன வருஷம் வேறு.

ஐந்தாவது அட்டவணைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒரு சென்ட் நிலம்கூட அட்டவணைப் பகுதி கிடையாது. ஆந்திரம், தெலங்கானா, ஒடிசா, ஜார்க்கண்ட் என்று பத்து மாநிலங்களில்தான் உண்டு. அதனால் அட்டவணைப் பகுதிக் கிராம சபைகளுக்கு அதிகாரம் தருகிற 1996-ஆம் வருஷத்து பெசா சட்டமும் இங்கே செல்லாது. நீங்கள் சொல்வது 342-ஆவது பிரிவின் பழங்குடிப் பட்டியல். அது பழங்குடிச் சமூகங்களின் பெயர்ப் பட்டியல், நிலத்தின் பட்டியல் இல்லை. அதிலும் காணிக்காரர் பெயருக்குப் பக்கத்தில் குமரி மாவட்டம், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் என்று எல்லை போட்டிருக்கிறார்கள்.

நாஞ்சில் வாத்தியார் | காலை 9.02
அட்டவணை, பட்டியல், ரெண்டும் ஒன்றுதான். சொல் விளையாட்டு வேண்டாம். பத்து நிமிஷத்துக்குப் பதில் சொல்லும்.

தக்கலைக்காரன் | காலை 9.30
இதற்குத்தான் அன்றே சொன்னோம். 1956-இல் தமிழ்நாட்டோடு சேராமல் கேரளத்திலேயே இருந்திருந்தால் மலைக்காரர்களுக்கு எல்லாம் கிடைத்திருக்கும். அணையும் திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் கட்டினதுதானே. 1906. இன்றைக்கு ஒரு கால்வாய் தூர் வார நாதியில்லை.

விளவங்கோடு வக்கீல் | காலை 9.38
கேரளத்திலும் அட்டவணைப் பகுதி கிடையாது அண்ணே.

தக்கலைக்காரன் | காலை 9.41
கிடையாமல் இருக்கலாம். மனசு உண்டு. அப்புறம், காணிக்காரர் பேச்சே மலையாளம்தானே.

குலசேகரம் ஷீட்டு | காலை 9.44
யார் சொன்னது? சுத்தமான பழைய தமிழ். தமிழ்நாட்டோடு சேர நடந்த எல்லைப் போராட்டத்தில் செத்தவர்கள் கேட்டால் எழுந்து வந்து அடிப்பார்கள்.

தக்கலைக்காரன் | காலை 9.46
வரட்டும். மலையாளத்தில் விசாரிக்கிறேன்.

கோதையாற்றுக்காரி | காலை 10.10
என் பாட்டி பேசுவதை நீங்கள் ரெண்டு பேரும் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. அவள் கொக்கரை என்கிற இரும்பு வாத்தியத்தை உரசி, எங்கள் சடங்குப் பாட்டான சாற்று பாடினால் அதில் பாதி எனக்கே புரியாது. அந்தப் பாதியைத்தான் விடுதியில் தொலைத்தேன். அங்கே 'மலைப் பேச்சு பேசாதே' என்று ஸ்கேலால் அடிப்பார்கள். அது தமிழா மலையாளமா என்று அடித்தவர் பார்க்கவில்லை.

வாத்தியார் சார், அணை வருவதற்கு முன்னால் அது நடக்கிற வழி என்று தாத்தா சொல்வார். தண்ணீரைக் கொண்டு வந்து வழியை மூடினது நாங்கள் இல்லை. நாஞ்சில்நாட்டு வயலுக்குப் போகிற தண்ணீர் அது.

நாஞ்சில் வாத்தியார் | காலை 10.25
அப்போ அணையை உடைத்துவிடலாமா? நாஞ்சில்நாட்டு நெல்லைத் தின்றுவிட்டுத்தானே எல்லோரும் பேசுகிறோம். அடிக்கிற வாத்தியார் எல்லா ஊரிலும் உண்டு, என்னையும் அடித்துத்தான் வளர்த்தார்கள். நான் யாரையும் மலைப் பேச்சுக்காக அடித்ததில்லை. எழுதத் தப்பினால் அடித்திருக்கிறேன்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. பத்து நிமிஷமா இல்லையா?

டொரன்டோ மக்கா | காலை 11.05
இங்கே ராத்திரி ஒன்றரை மணி. படுத்தவன் இதைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். வாத்தியார் சொல்கிற வழியில் கனடா நூறு வருஷத்துக்கு மேல் போய்ப் பார்த்துவிட்டது சார். பூர்வகுடிப் பிள்ளைகளை உறைவிடப் பள்ளியில் அடைத்தார்கள். கடைசிப் பள்ளி மூடியது 1990-களில். 2008-இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். பள்ளி போன பிறகு, பிள்ளையை எடுத்து வேறு குடும்பத்திடம் வளர்க்க விடுகிற வளர்ப்பு வீடு வந்தது. 2021 கணக்கெடுப்பில் பதினாலு வயது வரையுள்ள பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 சதவீதம். வளர்ப்பு வீடுகளில் இருக்கும் அதே வயதுப் பிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம். பாதிக்கு மேலே!

அதனால்தான் 2019-இல் தனிச் சட்டம் போட்டார்கள், 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிள்ளையை வேறு இடத்தில் வைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் அம்மா அப்பா, பிறகு சொந்தக்காரர், பிறகு அதே சமூகத்து ஆள், அதற்கும் பிறகுதான் வெளியாள். குழந்தை நலனுக்கான சட்டத்தை அந்தச் சமூகங்களே எழுதிக்கொள்ளலாம். கியூபெக் மாகாணம் வழக்குப் போட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டது. இங்கே 1982 அரசியல் சட்டத்தில் 35-ஆவது பிரிவு பூர்வகுடி உரிமையை ஏற்றுக்கொள்கிறது. நமக்கும் அப்படி ஒரு திருத்தம் வேண்டும்.

குலசேகரம் ஷீட்டு | காலை 11.12
மக்கா, அங்கே பனியில் கிடந்துகொண்டு இங்கே சட்டம் திருத்துகிறாய். போன ஓணத்துக்கு ஊருக்கு வந்தவன் பேச்சிப்பாறை வரைக்கும் போய் அணையில் செல்பி எடுத்துவிட்டுத் திரும்பினாய். அக்கரைக்குப் போனாயா?

டொரன்டோ மக்கா | காலை 11.15
மழை பெய்தது அண்ணே.

நாஞ்சில் வாத்தியார் | காலை 11.20
கனடாவில் பேச்சிப்பாறை இருக்கிறதா? அவர்கள் வெள்ளைக்காரர்கள், வேறு மதம், வேறு மொழி, பிள்ளைகளைக் கொன்றார்கள். நான் காணிப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து புட்டும் பயறும் கொண்டுபோய்க் கொடுத்தவன். ரெண்டையும் ஒரே தராசில் வைக்க வெட்கமாக இல்லையா? மாவட்டத்தில் மொத்தப் பழங்குடியினரே 2011-இல் ஏழாயிரத்துச் சொச்சம் பேர். ஏழாயிரம் பேருக்கு அரசியல் சட்டத்தைத் திருத்துவார்களாம்!

கோதையாற்றுக்காரி | காலை 11.34
ஏழாயிரம் பேருக்கு ஒரு படகு மட்டும் போதுமா சார்?

விளவங்கோடு வக்கீல் | காலை 11.50
மக்கா, திருத்தம்வரைக்கும் போக வேண்டியதில்லை. ஒரு பகுதியை அட்டவணைப் பகுதியாக அறிவிக்கக் குடியரசுத் தலைவர் ஆணை போதும், நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு தேடி அலைய வேண்டாம். ஆனால் ஐந்தாவது அட்டவணை வந்தாலும் முக்கியமாக நிலமும் நிர்வாகமும்தான். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதைச் சமூகமே முடிவு செய்கிற மாதிரி வேண்டுமென்றால் வடகிழக்கின் ஆறாவது அட்டவணை கொஞ்சம் பக்கத்தில் வரும். அங்கே மாவட்ட மன்றங்கள் திருமணம், வாரிசு, சமூக வழக்கம் பற்றிச் சட்டம் இயற்றலாம். இங்கே கையில் இருப்பது 2006 வன உரிமைச் சட்டம். அதில் கிராம சபைக்கு அதிகாரம் உண்டு, பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் காட்டு நிலம் ஒதுக்கவும் வழி இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள்.

கோதையாற்றுக்காரி | பகல் 12.20
இது உருப்படியான பேச்சு. எங்கள் அத்தை செத்தபோது கைப்பிள்ளையை யார் வளர்ப்பது என்று எங்கள் ஊர்த்தலைவரான மூட்டுக்காணியின் முற்றத்தில் உட்கார்ந்து பேசினோம். சித்தி எடுத்துக்கொண்டாள். ஒரு வெற்றிலைத் தட்டோடு முடிந்தது. பிற்பாடு பள்ளியில் சேர்க்கப் போனால் காப்பாளர் சான்று எங்கே, ஆதார் எங்கே என்று ஏழு தடவை அலைய விட்டார்கள். எங்கள் வழக்கம் எந்தத் தாளிலும் இல்லை. நான் கேட்பது அந்தத் தாளைத்தான். பிள்ளையைத் தூக்கிப் போகிற வண்டியை இல்லை.

நாஞ்சில் வாத்தியார் | பகல் 12.31
கைப்பிள்ளைக்குத் தாள் வேண்டாமா? தாளில்லாமல் யார் வேண்டுமானாலும் பிள்ளையைத் தூக்கிப் போகலாமா? இதைத்தான் நானும் சொல்கிறேன், அரசு பொறுப்பெடுக்க வேண்டும். நீயே என் பக்கம் வந்துவிட்டாய்.

கோதையாற்றுக்காரி | பகல் 12.33
வரவில்லை.

தக்கலைக்காரன் | பகல் 12.40
மகாராஜா காலத்தில் தாளே தேவைப்படவில்லை.

குலசேகரம் ஷீட்டு | பகல் 12.42
ஓய், உமக்கு யார் திறந்துவிட்டது?

மட்டுறுத்துநர் | பகல் 12.50
தனிநபர் தாக்குதல் வேண்டாம். எல்லை, மொழி, மகாராஜா மூன்றுக்கும் தனி இழை இருக்கிறது.

நாஞ்சில் வாத்தியார் | பிற்பகல் 1.15
யாரும் என் அடிப்படைக் கேள்விக்குப் பதில் சொல்லாததால் மறுபடி எழுதுகிறேன். நான் வேலை பார்த்த இரண்டு வருஷமும் காலை 8.30 படகு. 8.40-க்கு இக்கரை. கையில் எச்எம்டி வாட்ச். ஒருநாள்கூட லேட்டாகவில்லை. பிள்ளைகளும் அதே படகில் வந்தார்கள், சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

கோதையாற்றுக்காரி | பிற்பகல் 1.22
பிள்ளைகள் அதே படகில் தினமும் வந்தார்கள் என்றால் விடுதி எதற்கு சார்?

குலசேகரம் ஷீட்டு | பிற்பகல் 1.23
😂

நாஞ்சில் வாத்தியார் | பிற்பகல் 1.45
நக்கல் அடிக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மழைக்காலத்துக்கு விடுதி. வெயில் காலத்துக்குப் படகு. இதைக்கூட விளக்க வேண்டுமா? அந்தப் பள்ளியில் நான் நட்ட பலா இன்றைக்கும் காய்க்கிறது. இங்கே பேசுகிறவர்களில் எத்தனை பேர் மலையில் ஒரு செடி நட்டிருக்கிறீர்கள்?

விளவங்கோடு வக்கீல் | பிற்பகல் 1.58
கேள்வி 21ஏ பற்றியது, பலா பற்றியது அல்ல.

நாஞ்சில் வாத்தியார் | பிற்பகல் 2.01
நாளைக் காலையில் நானே பேச்சிப்பாறை போகிறேன். போனில் நேரம் ஓட வீடியோ எடுத்து இங்கே போடுகிறேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு விநாடி கூடினால் இந்தக் குழுவை விட்டே போகிறேன்.

கோதையாற்றுக்காரி | பிற்பகல் 2.09
திங்கட்கிழமையிலிருந்து படகு என்ஜின் ரிப்பேர் சார். பிள்ளைகள் நாலு நாளாக வீட்டில்தான் இருக்கிறார்கள்.

நாஞ்சில் வாத்தியார் | பிற்பகல் 2.11
சரியானதும் சொல்லு பிள்ளே. பத்து நிமிஷம்தான்.